மலைக் கிராமங்களில் சரக்கு லாரியைப் பின்னோக்கிச் செலுத்தும் முறை

பழனி மலையில் ஓர் ஊரில் அங்கன்வாடிக் கட்டிடம் எழும்ப வேண்டுமானால், அதற்கு வேண்டிய சிமெண்டு, கம்பி, மணல் முதலியவை சமவெளியிலிருந்து மலையேறி வந்தாக வேண்டும். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்குச் சுமார் 55 கிலோமீட்டர். பழனியிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர். இவ்விரு சாலைகளும் பெருமாள்மலையில் ஒன்றுகூடுகின்றன. கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலையும் கடந்து, பூம்பாறை, மன்னவனூர் போன்ற ஊர்களுக்குச் சரக்கு போக வேண்டுமென்றால் இன்னும் பல வளைவுகளைத் தாண்ட வேண்டும். மோட்டார்ச் சாலை வருவதற்கு முன்னர் மக்கள் நடந்தும், நாற்காலியில் சுமக்கப்பட்டும் இம்மலையில் ஏறினார்கள். இன்று நம் கிராமங்களுக்கு வீடும் பள்ளியும் குடிநீர்த் தொட்டியும் வருகின்றனவென்றால், அவற்றுக்கு வேண்டிய பொருள்களில் பெரும்பகுதியைக் கொண்டுவந்து சேர்ப்பவை லாரிகளே.

இத்தனை வளைவுகளையும் பத்திரமாகக் கடந்து வந்த லாரி, வேலை நடக்கும் இடத்தின் வாயிலில் வந்து நிற்கிறது. சாலையோ குறுகலானது, லாரியைத் திருப்ப இடமில்லை. ஆகவே அது பின்னோக்கி உள்ளே நுழைய வேண்டியிருக்கிறது. அபாயம் மிகுந்த பகுதி இந்தக் கடைசி ஐம்பது அடிதான். அதுவரை கண்ணால் பார்த்து வண்டியை ஓட்டி வந்தவர், இப்போது தம்மால் பார்க்க முடியாத திசையில் அதைச் செலுத்துகிறார். அதே வேளையில், புதிதாக என்ன வந்திருக்கிறது என்று பார்க்க ஊர்ப் பிள்ளைகள் ஓடி வருகிறார்கள். இந்த ஐம்பது அடியைப் பத்திரமாகக் கடப்பதற்கு ஓட்டுநரும் ஒப்பந்தக்காரரும் ஊர் மக்களும் செய்ய வேண்டியவை யாவை என்பதை இங்கே கவனிப்போம்.

அபாயம் எங்கே இருக்கிறது?

நம் நாட்டு லாரிகளில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்கிறார். வலப்பக்கக் கண்ணாடியில் அவருக்கு ஓரளவு நன்றாகத் தெரிகிறது. இடப்பக்கத்தில் குறைவாகவே தெரிகிறது. லாரியின் பின்பலகைக்கு நேர் பின்னால் உள்ள இடம் எந்தக் கண்ணாடியிலும் தெரிவதில்லை. வளர்ந்த மனிதர் அங்கே நின்றாலும் தெரியாது என்னும்போது, மூன்றடி உயரக் குழந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சில லாரிகளில் பின்புறக் காமிரா பொருத்தப்பட்டிருக்கிறது. அது நல்ல துணையே. ஆயினும் சேறு தெறித்தாலும் மூடுபனி இறங்கினாலும் அதன் பயன் போய்விடும். கொடைக்கானல் மலையில் இவ்விரண்டுக்கும் குறைவில்லை.

அடுத்தது, லாரி திரும்பும் விதம். சாதாரண லாரியில் திரும்பக்கூடியவை முன்சக்கரங்களே. பின்னோக்கிச் செல்லும்போது லாரியின் பின்பகுதி ஒரு பக்கம் திரும்பினால், அதன் முகப்பு எதிர்ப்பக்கமாக வீசித் திரும்பும். வாயில் மலைப்பக்கம் இருந்தால் முகப்பு பள்ளத்தை நோக்கிப் போகும். வாயில் பள்ளப்பக்கம் இருந்தால் முகப்பு மலையோரச் சாக்கடையை நோக்கிப் போகும். ஓட்டுநரும் கிளீனரும் பின்சக்கரத்தையே கவனித்துக்கொண்டிருக்க, முன்சக்கரம் சாலையின் விளிம்பை விட்டு இறங்கிவிடுவது இப்படித்தான்.

மூன்றாவது அபாயம் விளிம்பு மண். சரக்கேற்றிய லாரியின் பாரத்தில் பெரும்பகுதி பின்சக்கரங்களின்மீது அமைகிறது. வடகிழக்குப் பருவமழையில் ஊறிய மண், பார்வைக்கு உறுதியாகத் தோன்றினாலும் அந்தப் பாரத்தைத் தாங்காது. சாந்து இல்லாமல் கல் அடுக்கிக் கட்டிய படிவரப்புச் சுவர்கள் தோட்டத்து மண்ணைத் தாங்குவதற்காக ஏற்பட்டவை. லாரியைத் தாங்குவதற்காக அல்ல. கட்டிடத்திற்குத் தோண்டிய கடைக்கால் குழி அருகில் இருந்தால், குழியின் ஆழம் எத்தனை அடியோ, குறைந்தது அத்தனை அடி தள்ளியே சக்கரம் நிற்க வேண்டும். மண் ஈரமாகவோ இளகியதாகவோ இருந்தால் இன்னும் விலகி நிறுத்த வேண்டும்.

லாரி வருவதற்கு முன்னால்

லாரி வாயிலில் வந்து நின்ற பிறகு யோசிப்பது காலங்கடந்த யோசனை. முதல் நாளே அளவுக் கயிற்றுடன் இடத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும். நம் சட்டப்படி சரக்கு வாகனத்தின் அகலம் 2.6 மீட்டர் வரை, அதாவது எட்டரை அடி வரை இருக்கலாம். பக்கக் கண்ணாடிகள் இதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆகவே பத்தடி வாயில் நேராக நுழைவதற்கே நெருக்கமானது; திரும்பிக்கொண்டே நுழைவதற்குப் போதாது. சாலை எவ்வளவு குறுகலோ அவ்வளவுக்கு வாயில் அகலமாக இருக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்தால் போதும். வேலை முடியும்வரை வேலியில் ஒரு பகுதியைக் கழற்றி வைப்பதால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் அகலம் வேண்டும் என்பதற்காக மலைச் சரிவை நம் இஷ்டப்படி வெட்டிவிடக் கூடாது. அதற்கு உரிய அதிகாரிகளின் அனுமதி வேண்டும். அனுமதியின்றி வெட்டிய சரிவு அடுத்த மழையில் சரிந்து விழவும் கூடும்.

வாயிலின்முன் சாக்கடைமேல் போட்ட கற்பலகை லாரியின் பாரத்தைத் தாங்குமா என்று பொறியாளரைக் கேட்டறிய வேண்டும். மேலே மின்கம்பி தாழ்வாகச் செல்கிறதா என்று பார்க்க வேண்டும். மணல் கொட்டும் டிப்பர் லாரியானால், அதன் தொட்டி உயரும்போது எவ்வளவு மேலே போகும் என்பதையும் கணக்கிட வேண்டும். தொட்டியைத் தூக்கும் இடம் சமதரையாக இருத்தல் அவசியம். பக்கவாட்டில் சரிந்த தரையில் தூக்கினால் லாரியே கவிழ்ந்துவிடும்.

இவற்றோடு, செலவில்லாத இரண்டு காரியங்களைச் செய்யலாம். முதலாவது, ஓட்டுநர் பக்கத்துப் பின்சக்கரம் செல்ல வேண்டிய வழியில் தரையின்மேல் சுண்ணாம்புக் கோடு போடுவது. கண்ணாடியில் பார்த்து அந்தக் கோட்டைப் பின்பற்றுவது ஓட்டுநருக்கு எளிது. இரண்டாவது, லாரி நிற்க வேண்டிய எல்லையில் கனத்த மரக்கட்டை ஒன்றைக் குறுக்கே கிடத்தி, அது நகராதபடி முளையடித்து வைப்பது. சக்கரம் கட்டையில் முட்டினால் எல்லை வந்துவிட்டது என்று தெரிந்துவிடும். ஆனால் ஓடிவரும் லாரியை அது தடுத்து நிறுத்திவிடும் என்று மட்டும் நம்பிவிடக் கூடாது.

லாரி எந்தத் திசையிலிருந்து வர வேண்டும் என்பதையும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். வாயில் ஓட்டுநரின் பக்கத்தில், அதாவது வலப்பக்கத்தில் அமையுமாறு வந்து நின்றால், பின்னோக்கித் திரும்பும்போது தம் சக்கரம் போகும் வழியை அவரே பார்க்கலாம். இதற்காக வாயிலைக் கடந்து சென்று, சாலை அகன்ற ஓரிடத்தில் லாரியைத் திருப்பிக்கொண்டு வர நேரிட்டாலும், அந்தச் சிரமம் தகும்.

வழிகாட்டுபவர் ஒருவரே

லாரி வந்ததும் நாலு பேர் நாலு பக்கமும் நின்று குரல் கொடுப்பது நம் ஊர்களில் சகஜம். உதவி செய்யும் எண்ணத்தில்தான் அவ்வாறு செய்கிறார்கள். ஆயினும் நாலு குரல்கள் சேரும்போது ஓட்டுநருக்கு ஒன்றுமே விளங்குவதில்லை. வழிகாட்டுபவர் ஒருவராகவே இருக்க வேண்டும். பெரும்பாலும் அவர் கிளீனராக இருப்பார். லாரி நகருவதற்கு முன் ஓட்டுநரும் அவரும் கீழே இறங்கி, வழி முழுவதையும் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும்.

இங்கே சொற்களைப் பற்றியும் ஒன்று குறிப்பிட வேண்டும். நம் பஸ்களிலும் லாரிகளிலும் 'ரைட்' என்றால் 'போகலாம்' என்று பொருள். அதே சொல்லுக்கு 'வலப்பக்கம்' என்ற பொருளும் உண்டு. 'வலப்பக்கம் திருப்பு' என்னும் எண்ணத்தில் ஒருவர் 'ரைட்' என்று கூவ, 'தடையில்லை, வரலாம்' என்று மற்றவர் எடுத்துக்கொண்டால் என்ன நேரும்? மேலும், லாரியின் முன்னால் அதைப் பார்த்து நிற்பவரின் வலக்கை ஓட்டுநருக்கு இடப்பக்கமாகும். ஆகையால் வலம், இடம் என்பவற்றை அடியோடு விட்டுவிட்டு, 'டிரைவர் பக்கம்', 'கிளீனர் பக்கம்' என்றோ, 'மலைப்பக்கம்', 'பள்ளப்பக்கம்' என்றோ சொல்லலாம். இவற்றுக்கு இரண்டு பொருள் இல்லை. நிறுத்துவதற்கு 'ஹோல்டான்' என்பது எல்லாரும் அறிந்த சொல். வழிகாட்டுவது ஒருவர் வேலை என்றாலும், 'ஹோல்டான்' என்று சொல்லும் உரிமை அங்குள்ள எல்லாருக்கும் உண்டு. அந்தச் சொல் யார் வாயிலிருந்து வந்தாலும் ஓட்டுநர் உடனே நிறுத்திவிட வேண்டும். காரணத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். இஞ்சின் சத்தத்தில் குரல் எடுபடாது என்பதால் கைச்சைகையையும் விசிலையும் முன்பே பேசி வைத்துக்கொள்வது நலம்.

வழிகாட்டுபவர் எங்கே நிற்கிறார் என்பது அவருடைய உயிரைப் பொறுத்த விஷயம். லாரிக்கும் சுவருக்கும் நடுவில் அவர் ஒருபோதும் நிற்கலாகாது. லாரி வரும் வழிக்கு வெளியே, ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடியில் தம் உருவம் முழுவதும் தெரியும்படி நிற்க வேண்டும். ஒதுங்குவதற்கு அவருக்குப் பக்கத்தில் இடம் இருக்க வேண்டும். லாரி நகரும்போது அவர் பின்னால் பார்க்காமல் பின்னடி வைத்து நடக்கக் கூடாது. இடம் மாற வேண்டுமானால் முதலில் லாரியை நிறுத்தச் செய்து, பிறகு மாற வேண்டும். கண்ணாடியில் அவர் உருவம் மறைந்த அந்தக் கணமே ஓட்டுநரும் நிறுத்திவிட வேண்டும். இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தாலே பல உயிர்கள் தப்பும்.

சாலையில் வரும் பிற வண்டிகளைத் தடுத்து நிறுத்த, வளைவின் இரு பக்கமும் ஒவ்வோர் ஆள் நிற்க வேண்டும். பிள்ளைகளை விலக்கி வைப்பதற்கென்றே பெரியவர் ஒருவரை ஏற்படுத்த வேண்டும். இந்த வேலையை வழிகாட்டுபவரிடமே விடலாகாது. அவர் கண் லாரியைவிட்டு அகலக் கூடாது.

ஏற்றமும் இறக்கமும்

சாலைக்குக் கீழே உள்ள இடத்திற்குப் பின்னோக்கி இறங்கும்போது பாரம் மேலும் பின்னால் சாய்கிறது. முன்சக்கரங்களின் பிடி குறைகிறது. அதனால் ஸ்டியரிங் சரியாகக் கேட்காமல் போகலாம். சாலைக்கு மேலே உள்ள இடத்திற்குப் பின்னோக்கி ஏறும்போது இதற்கு மாறாக, இழுக்கும் பின்சக்கரங்களின் பாரம் குறைந்து அவை வழுக்கக்கூடும். இரண்டிலும் மனிதன் நடக்கும் வேகத்திற்கு மேல் போகக் கூடாது. நியூட்ரலில் உருளவிடுவதோ, கிளட்ச்சை மிதித்தபடி இறங்குவதோ கூடவே கூடாது. சக்கரம் வழுக்கத் தொடங்கினால், வேகம் கொடுத்துப் பார்க்காமல் நிறுத்திவிட்டு இறங்கிப் பார்க்க வேண்டும்.

லாரி முழுவதும் நின்று, கை பிரேக் போட்ட பிறகே சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். அதைச் சரிவின் கீழ்ப்பக்கம் வைக்க வேண்டும்; வைப்பவர் லாரியின் பின்னால் புகாமல் பக்கவாட்டில் இருந்தே வைக்க வேண்டும். கையில் கிடைத்த உருண்டைக் கல்லைவிட, இதற்கென்றே செதுக்கிய ஆப்புக் கட்டை சிறந்தது.

பின்னோக்கிச் செல்லாமலே முடியுமா?

எல்லாவற்றிலும் சிறந்த வழி, பின்னோக்கிச் செல்லும் தேவையையே குறைப்பதுதான். 1989-ஆம் ஆண்டின் சாலை ஒழுங்குமுறைகள், பிறருக்கு அபாயமோ தகாத இடையூறோ இராது என்று உறுதிசெய்துகொள்ளாமல் வாகனத்தைப் பின்னோக்கிச் செலுத்தலாகாது என்றும், தேவைக்கு மேற்பட்ட தூரம் அவ்வாறு செலுத்தலாகாது என்றும் விதித்திருந்தன. அவற்றுக்குப் பதிலாக 2017-இல் புதிய ஒழுங்குமுறைகள் வந்துவிட்டன. ஆயினும் அந்த அறிவுரையின் நியாயம் இன்றும் மாறவில்லை. இடம் மிகவும் மோசமானால், பெரிய லாரியை அகன்ற சாலையிலேயே நிறுத்தி, சரக்கைச் சிறு வண்டியில் மாற்றிக்கொண்டு போகலாம். வெள்ளகவி போன்ற, சாலை எட்டாத ஊருக்குக் குதிரைகளே சுமையைக் கொண்டு சேர்த்தன என்பது இம்மலை மக்கள் அறிந்ததே. இருமுறை ஏற்றி இறக்கக் கூலி கூடுதலாகும் என்பது உண்மை. அந்தக் கூலியை வேலையின் மதிப்பீட்டிலேயே சேர்த்துக் கேட்பதுதான் முறை. அதை மிச்சப்படுத்த எண்ணி ஓட்டுநரை வற்புறுத்துவது முறையன்று. 'இந்த இடத்தில் நுழைய முடியாது' என்று ஓட்டுநர் சொன்னால், அவருடைய சொல்லுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும்.

2024-ஆம் ஆண்டு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் போன்ற திட்டங்களால் கிராமங்களில் வீட்டு வேலை பெருகியிருக்கிறது. ஒரே தெருவில் பல வீடுகளுக்கும் லாரி வரும்போது, ஒவ்வொருவரும் தத்தம் வாயிலில் இறக்கச் சொல்லாமல், ஊருக்குப் பொதுவாக லாரி திரும்பும் இடமும் சரக்கு இறக்கும் இடமும் ஒன்றைக் குறித்து வைக்கலாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாள்களில் கூடும் கிராம சபையில் இதைப் பேசி முடிவு செய்யலாம். பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வேளையிலும் திரும்பும் வேளையிலும் லாரி வரலாகாது என்றும், மூடுபனி விலகாமல் பின்னோக்கிச் செலுத்தலாகாது என்றும் தீர்மானம் செய்யலாம்.

மேலே சொன்னவற்றையெல்லாம் செய்தால் ஒரு லாரிக்குப் பத்து நிமிடமோ கால் மணி நேரமோ கூடுதலாகும். அங்கன்வாடிக்குச் சிமெண்டு கொண்டுவரும் லாரியைப் பார்க்க ஓடி வருபவர்கள், நாளை அந்தக் கட்டிடத்தில் உட்கார வேண்டிய குழந்தைகளே. அவர்கள் அத்தனை பேரும் நலமாக வந்து உட்காரும்போதுதான் அந்தக் கட்டிட வேலை நிறைவு பெற்றதாகும். அதற்காகக் கால் மணி நேரம் பொறுத்திருக்க நாம் எல்லாரும் பழகிக்கொள்வோமாக.