பத்தாவது பாஸ்! அடுத்து எந்தப் பள்ளிக்கூடம்?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்துவிட்டது. பெண் 500-க்கு 462 மார்க் வாங்கியிருக்கிறாள். தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தாகிவிட்டது. இனிமேல்தான் வீட்டில் கவலை!

குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டிப் பிழைக்கும் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பெண் ஆறாம் வகுப்பு முதல் படித்தது அரசாங்கப் பள்ளிக்கூடத்தில். டாக்டருக்குப் படிக்கவேண்டும் என்பது அவள் ஆசை. திண்ணையில் தகப்பனார் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு முன்னால் மூன்று பள்ளிக்கூடங்களின் விளம்பரத் தாள்கள் கிடக்கின்றன. மூன்றிலும் வெள்ளைக் கோட்டுப் போட்ட பிள்ளைகளின் படம்!

"ஏனுங்க, என்ற தம்பி சொல்ற பள்ளிக்கூடத்திலேயே சேர்த்திப்போடலாமுங்க. விடுதியிலேயே தங்கிப் படிக்கட்டும். என்ற கழுத்துச் சங்கிலி இருக்குதுல்ல? அடகு வச்சா ஒரு வருசத்துக்கு ஆகும்" என்கிறார் தாயார்.

"ஒரு வருசத்துக்கு ஆகும். ரெண்டாவது வருசத்துக்கு?" என்கிறார் தகப்பனார்.

தாயாரிடமிருந்து பதில் இல்லை.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. மே மாதம் வந்தால் தமிழ்நாட்டில் லட்சக் கணக்கான வீடுகளில் நடக்கும் பேச்சு இதுதான். பதினைந்து வயதுப் பிள்ளையின் எதிர்காலத்தை ஒரு வாரத்துக்குள் முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது.

பிளஸ் டூ பிறந்த கதை

தாத்தா காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. பதினோராம் வகுப்பு வரை பள்ளிக்கூடம். பிறகு கல்லூரியில் ஒரு வருடம் பி.யூ.சி. அவ்வளவுதான். 1978-ஆம் ஆண்டில்தான் பிளஸ் டூ என்னும் மேல்நிலைப் படிப்பு நம் பள்ளிகளுக்கு வந்தது. டாக்டர் படிப்புக்கும் என்ஜினீயர் படிப்புக்கும் அதுவே வாசற்படி ஆயிற்று.

1984 முதல் அந்தப் படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வும் இருந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது பெரிய தடை என்று பல பேர் சொன்னார்கள். பட்டணத்துப் பிள்ளைகள் பணம் கட்டித் தனிப் பயிற்சி எடுத்துக்கொள்வார்கள். பட்டிக்காட்டுப் பிள்ளை எங்கே போகும்? 2006-இல் சட்டம் போட்டு நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு பிளஸ் டூ மார்க் ஒன்றே கணக்கு.

நல்லதுதான். ஆனால் அதிலிருந்து வேறொரு வேடிக்கை கிளம்பியது!

மார்க் பண்ணை

மார்க் ஒன்றே கணக்கு என்றால், மார்க் வாங்கித் தரும் பள்ளிக்கூடத்துக்குத்தானே கூட்டம் போகும்? நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்தில் உள்ள விடுதிப் பள்ளிகளின் பெயர் தமிழ்நாடு முழுவதும் பரவியது. தென்கோடியிலிருந்தும் பெற்றோர் பெட்டியும் படுக்கையுமாகப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள்.

விடியற்காலையில் மணி அடிக்கும். உடனே படிப்பு. பகலெல்லாம் வகுப்பு. சாயங்காலம் பரீட்சை. இரவில் மறுபடியும் படிப்பு. கேள்விக்குப் பதிலை ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் எழுதும்வரை விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தாயார் சோற்று மூட்டையோடு வந்தால் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடலாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று தாயார் எழுந்திருக்கும்போது பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாது!

நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்குப் பேர்போன ஊர் அல்லவா? "பிராய்லர் பள்ளி" என்று இவற்றுக்குக் கேலிப் பெயரே வந்துவிட்டது.

நியாயமாகச் சொல்லவேண்டும். இந்தப் பள்ளிகளில் படித்து டாக்டர் ஆனவர்கள், என்ஜினீயர் ஆனவர்கள் ஏராளம். கல்லூரி வாசலையே பார்த்திராத குடும்பத்துப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு தந்திரமும் நடந்தது. பல பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தைத் தொடுவதே இல்லை! முதல் வருடமே பிளஸ் டூ புத்தகத்தை எடுத்துவிடுவார்கள். ஒரே பாடத்தை இரண்டு வருடம் திரும்பத் திரும்பப் படித்தால் மார்க் குவியாமல் என்ன செய்யும்?

விளைவு கல்லூரிக்குப் போன பிறகு தெரிந்தது. பிளஸ் டூவில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய பையன், முதல் வருடக் கணக்கில் திணறினான். அடித்தளம் போடாமல் மாடி கட்டினால் வேறென்ன ஆகும்?

2017-இல் டாக்டர் படிப்புக்கு 'நீட்' தேர்வு தமிழ்நாட்டுக்கும் வந்தது. அதில் பிளஸ் ஒன் பாடத்திலிருந்தும் பிளஸ் டூ பாடத்திலிருந்தும் கேள்வி வரும். பிளஸ் ஒன் புத்தகத்தைத் திறக்காதவர்கள் திண்டாடினார்கள். இதைத் தடுக்கத்தான் 2017-18-இல் பிளஸ் ஒன் வகுப்புக்கும் அரசாங்கப் பொதுத் தேர்வு கொண்டுவரப்பட்டது. அதே சமயத்தில் பிளஸ் டூவின் மொத்த மார்க் 1,200-லிருந்து 600 ஆகக் குறைக்கப்பட்டது. மாநிலத்தில் முதல் மார்க் யார் என்று அறிவிக்கும் வழக்கமும் 2017-இல் நின்றது. பிறகு, பிள்ளைகளுக்குச் சுமை அதிகம் என்று, 2025-26 முதல் பிளஸ் ஒன் பொதுத் தேர்வை எடுத்துவிடுவதாக அரசாங்கம் அறிவித்தது.

பொதுத் தேர்வு இல்லை என்றால் பழைய தந்திரம் திரும்பவும் தலைகாட்டலாம். ஆகவே பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததும் பெற்றோர் கேட்கவேண்டிய கேள்வி இது: "பிளஸ் ஒன் பாடத்தைப் பிளஸ் ஒன்னில்தானே நடத்துவீர்கள்?" கேட்டுவிட்டு, அங்கே படிக்கும் பிள்ளை ஒன்றிடம் அதன் நோட்டைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். நோட்டு பொய் சொல்லாது!

மாநிலப் பாடமா, சி.பி.எஸ்.இ.யா?

அடுத்த சந்தேகம் இது. சி.பி.எஸ்.இ. படித்தால்தான் 'நீட்' தேர்வில் தேறலாம் என்று பல பேர் நம்புகிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை உண்டு. அந்தத் தேர்வின் கேள்விகள் பெரும்பாலும் மத்திய அரசாங்கத்தின் பாடப் புத்தகத்தை ஒட்டியே வருகின்றன. ஆனால் நம் மாநிலப் பாடமும் 2018-19 முதல் புதிதாக எழுதப்பட்டது. பிளஸ் ஒன், பிளஸ் டூப் புத்தகங்கள் இப்போது நன்றாகவே கனமாக இருக்கின்றன. பையைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்! 'நீட்' தேர்வைத் தமிழிலும் எழுதலாம்.

பத்து வருடம் மாநிலப் பாடம் படித்த பிள்ளையைத் திடீரென்று பிளஸ் ஒன்னில் சி.பி.எஸ்.இ.க்கு மாற்றுவது எளிதல்ல. அதுவும் தமிழ் வழியில் படித்த பிள்ளை என்றால், புதுப் பாடத்தோடு புதுப் பாஷையிலும் போராட வேண்டும். ஆறு மாதம் அதிலேயே போய்விடும். இரண்டே வருடப் படிப்பில் ஆறு மாதம் என்பது கால் பங்கு!

தமிழ் வழியை விட்டுவிடுவதற்கு முன் இன்னொன்றையும் யோசிக்கவேண்டும். தமிழ்நாடு அரசாங்க வேலைகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவிகிதம் முன்னுரிமை தர 2010-இல் சட்டம் செய்யப்பட்டது.

என்ஜினீயர் படிப்புக்கு என்றால் விஷயம் வேறு. அதற்குத் தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு இல்லை. கணக்கு மார்க் 100-க்கு அப்படியே எடுக்கப்படும். இயற்பியலும் வேதியியலும் பாதியாக்கப்பட்டு ஒவ்வொன்றும் 50-க்கு எடுக்கப்படும். மொத்தம் 200. உதாரணமாக, கணக்கில் 96, இயற்பியலில் 90, வேதியியலில் 92 வாங்கிய பையனுக்கு 96-உம் 45-உம் 46-உம் சேர்ந்து 187. தமிழ், ஆங்கில மார்க் இந்தக் கணக்கில் வராது. சி.பி.எஸ்.இ. பிள்ளைகளின் மார்க்கும் சரிக்கட்டப்பட்டு அதே பட்டியலில் வரும்.

டாக்டர் படிப்புக்கு 'நீட்' தேர்வில் 720 மார்க். அதில் சரிபாதி, 360 மார்க், உயிரியலுக்கு. சரியான பதிலுக்கு 4 மார்க். தப்பான பதிலுக்கு ஒரு மார்க் பிடித்துக்கொள்வார்கள். நெட்டுருப் போடுவது இங்கே அவ்வளவாகக் கைகொடுக்காது.

பெயர் மட்டும் பள்ளியில் இருக்கட்டும், பிள்ளை பயிற்சி நிலையத்துக்குப் போகட்டும் என்று சொல்லும் இடங்களிலும் எச்சரிக்கை வேண்டும். வராத பிள்ளைகளைப் பட்டியலில் வைத்திருந்ததற்காக டில்லியிலும் ராஜஸ்தானிலும் 21 பள்ளிகளின் அங்கீகாரத்தை சி.பி.எஸ்.இ. 2024 நவம்பரில் ரத்து செய்தது.

ஏழரை சதவிகிதம்

குமாரபாளையத்துப் பெண்ணின் விஷயத்துக்கு வருவோம். விளம்பரத் தாள்களில் அச்சடிக்காத ஒரு சங்கதி உண்டு. அவளுக்கு எல்லாவற்றையும்விட அதுதான் முக்கியம்.

அரசாங்கப் பள்ளிகளில் படித்து 'நீட்' தேர்வில் தேறியவர்களுக்கு, தமிழ்நாட்டில் மாநிலத்துக்கு உரிய மருத்துவ இடங்களில் 7.5 சதவிகிதம் தனியாக ஒதுக்கவேண்டும் என்று 2020-இல் சட்டம் வந்தது. அந்த முதல் வருடமே டாக்டர் படிப்பும் பல் டாக்டர் படிப்புமாகச் சேர்த்து 405 இடங்கள் கிடைத்தன. அதற்கு முன்பு இந்தத் தேர்வின் மூலம் அரசாங்கப் பள்ளியிலிருந்து போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 2021-இல் என்ஜினீயர், விவசாயம், கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இதே ஒதுக்கீடு வந்தது.

நிபந்தனை என்ன? ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசாங்கப் பள்ளியிலேயே படித்திருக்கவேண்டும். அரசாங்க உதவி பெறும் தனியார் பள்ளிகூடச் சேராது.

சங்கிலியை அடகு வைத்து இந்தப் பெண்ணைத் தனியார் விடுதியில் சேர்த்தால், ஐந்து வருடமாகச் சேர்த்து வைத்த உரிமை அன்றைக்கே போய்விடும்! பணம் கட்டி உரிமையைத் தொலைத்த கதை! இது தெரியாமல் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய், பிறகு கலந்தாய்வு சமயத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றால் பயன் இல்லை.

அதற்காக அரசாங்கப் பள்ளியில் இருந்தாலே இடம் கிடைத்துவிடும் என்று எண்ணிவிடக்கூடாது. அந்த 7.5 சதவிகிதத்துக்குள்ளும் 'நீட்' மார்க் வரிசைப்படிதான் இடம். ஒரு வருடம் தவறி, வீட்டிலிருந்து படித்து மறுபடியும் எழுதி வெற்றி பெறுகிறவர்கள் பல பேர். அந்த ஒரு வருடத்தையும் குடும்பம் தாங்கவேண்டும். பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் இடம் காலியாக இருந்தால், ஒதுக்கீடு இருந்தும் என்ன பிரயோஜனம்? இதையும் நேரில் போய்த்தான் விசாரிக்கவேண்டும். மாவட்டந்தோறும் அரசாங்கம் நடத்தும் மாதிரிப் பள்ளி ஒன்று இருக்கிறது. தங்குவதற்கு விடுதியும் உண்டு. அதில் இடம் கிடைக்குமா என்று கேட்பதும் நல்லது.

தனியார் பள்ளிதான் என்று முடிவு செய்தவர்கள், கட்டணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் கட்டணத்தைக் குழு ஒன்று நிர்ணயிக்கிறது. கட்டிய பணத்துக்கெல்லாம் ரசீது கேளுங்கள். விடுதிச் செலவு எவ்வளவு, தனிப் பயிற்சிக்கு எவ்வளவு, நடுவில் பிள்ளை விலகினால் திருப்பித் தருவார்களா என்பதையும் முதல் நாளே கேளுங்கள். இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்பதையும் கேட்கலாம். வெட்கப்பட வேண்டியதில்லை.

எந்த குரூப்?

"கணக்கு எதுக்கு? டாக்டருக்குத்தானே படிக்கப்போறே? வெறும் சயின்ஸ் குரூப் போதும்" என்று மாமன்மார் சொல்வார்கள். கணக்கு அறவே வராத பிள்ளைக்கு அது சரி. 462 வாங்கிய பெண்ணுக்கு, கணக்கும் உயிரியலும் சேர்ந்த முதல் குரூப்தான் நல்லது. பாடம் கொஞ்சம் அதிகம். ஆனால் டாக்டர் கதவு அடைத்தால் என்ஜினீயர் கதவு திறந்திருக்கும். கணக்கை ஒரு தடவை விட்டுவிட்டால் பிறகு பிடிப்பது கஷ்டம்.

வணிகவியல் குரூப் எடுக்கும் பிள்ளையைப் பார்த்து, "மார்க் குறைவோ?" என்று கேட்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. ஆடிட்டர் வீட்டு வாசலில் காத்து நிற்கும்போதாவது நம்மவர்களுக்கு உறைக்கவேண்டும்!

திண்ணையில் பேச்சு இன்னும் முடியவில்லை. ஒரு மணி நேரமாக அப்பாவும் பேசினார், அம்மாவும் பேசினார், மாமனும் போனில் பேசினார். பெண் கதவோரம் நிற்கிறாள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தகப்பனாருக்கு அது அப்போதுதான் தோன்றுகிறது.

"கண்ணு, நீ என்ன சொல்றே?"

"நம்ம பள்ளிக்கூடத்திலேயே இருக்கிறேனுங்கப்பா. முதல் குரூப் எடுத்துக்கிறேன். ஆனா பிசிக்ஸ் டீச்சர் மாறிப் போறாங்கன்னு சொல்றாங்க. வேற டீச்சர் வருவாங்களான்னு தெரியலைங்கப்பா."

தகப்பனார் விளம்பரத் தாள்களை மடித்துத் திண்ணை ஓரத்தில் வைக்கிறார்.

"சரி, திங்கக்கிழமை தறிக்கு லீவு சொல்லிப்போடறேன். ரெண்டு பேரும் போயி ஹெட்மாஸ்டரையே கேட்டுப்போட்டு வரலாம்."