தீவிர உடற்பருமன்

தீவிர உடற்பருமன் என்பது உடலில் கொழுப்பு அளவுக்கு மீறிச் சேர்வதால் உடல்நலமும் அன்றாடச் செயல்பாடுகளும் பெரிதும் பாதிக்கப்படும் ஒரு நாட்பட்ட நோய் நிலை ஆகும். உடல் நிறைச் சுட்டெண் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது தீவிர உடற்பருமன் எனப்படுகிறது. உலக சுகாதார அமைப்பின் வகைப்பாட்டில் இது மூன்றாம் வகுப்பு உடற்பருமன் ஆகும். மிகையாக உண்பதும் சோம்பலும் மட்டுமே இதற்குக் காரணம் என்ற கருத்து நெடுங்காலமாக நிலவி வந்தது. ஆனால் உடல் தன் எடையைத் தானே ஒழுங்குபடுத்திக் கொள்கிறது என்பதையும், அவ்வொழுங்கு பிறழும்போது மன உறுதியால் மட்டும் அதைச் சீராக்குவது மிகக் கடினம் என்பதையும் கடந்த முப்பது ஆண்டுகளில் நடைபெற்ற ஆய்வுகள் காட்டியுள்ளன.

அளவீடு

கிலோகிராமில் உள்ள உடல் எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறைச் சுட்டெண் ஆகும். எடுத்துக்காட்டாக, 1.70 மீட்டர் உயரமுள்ள ஒருவரின் எடை ஏறத்தாழ 116 கிலோகிராம் எனில், அவரது சுட்டெண் 40 ஆகும். இச்சுட்டெண் 30க்கு மேல் இருப்பது உடற்பருமன் என்றும், 35 முதல் 40 வரை இரண்டாம் வகுப்பு என்றும், அதற்கு மேல் மூன்றாம் வகுப்பு என்றும் கொள்ளப்படுகின்றன.

இச்சுட்டெண் கொழுப்பையும் தசையையும் பிரித்துக் காட்டுவதில்லை. கொழுப்பு உடலின் எப்பகுதியில் சேர்ந்துள்ளது என்பதையும் இதனால் அறிய இயலாது. தெற்காசிய மக்களிடம் குறைந்த சுட்டெண்ணிலேயே வயிற்றுக் கொழுப்பும் நீரிழிவும் தோன்றுகின்றன. எனவே ஆசிய மக்களுக்கு 23, 27.5 ஆகிய எண்களைக் கூடுதல் எச்சரிக்கை எல்லைகளாகக் கொள்ளலாம் என்று உலக சுகாதார அமைப்பின் வல்லுநர் குழு ஒன்று 2004 இல் பரிந்துரைத்தது.

காரணங்கள்

உணவின் மூலம் பெறும் ஆற்றல், உடல் செலவிடும் ஆற்றலை விட நெடுங்காலம் மிகுந்திருந்தால் எடை கூடும். ஆயினும் ஒரே சூழலில் ஒரே வகை உணவை உண்ணும் இருவரில் ஒருவருக்கு மட்டும் தீவிர உடற்பருமன் ஏற்படுவது ஏன் என்பதை இவ்விதி விளக்குவதில்லை. இவ்வேறுபாட்டில் மரபுக்குப் பெரும் பங்கு உண்டு. டென்மார்க்கில் தத்தெடுக்கப்பட்டவர்களிடம் நடத்தப்பட்டு 1986 இல் வெளியான ஆய்வில், அவர்களின் பருமன் வளர்த்த பெற்றோரை ஒத்திராமல் பெற்ற தாய் தந்தையரை ஒத்திருந்தது. இரட்டையரிடம் நடத்தப்பட்ட ஆய்வுகள், எடை வேறுபாட்டில் 40 முதல் 70 விழுக்காடு வரை மரபைச் சார்ந்தது என மதிப்பிடுகின்றன. விலை மலிந்த, ஆற்றல் செறிந்த உணவுகளும், உடலுழைப்புக் குறைந்த வாழ்க்கை முறையும், உறக்கக் குறைவும், மனநோய்க்கும் நீரிழிவுக்கும் தரப்படும் சில மருந்துகளும் இம்மரபுப் போக்கைத் தூண்டிவிடுகின்றன.

பசிக்கும் எடைக்கும் உள்ள தொடர்பைத் தெளிவாக்கியது லெப்டின் என்னும் இயக்குநீரின் கண்டுபிடிப்பாகும். அமெரிக்காவின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெப்ரி பிரீட்மனின் குழு 1994 இல் இதற்குரிய மரபணுவைக் கண்டறிந்தது. கொழுப்புத் திசுவில் சுரக்கும் லெப்டின், உடலில் எவ்வளவு கொழுப்பு இருப்பில் உள்ளது என்பதை மூளைக்கு அறிவிக்கிறது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள ஆய்வாளர்கள், மரபணுக் குறையால் லெப்டின் செயற்படாத இரு குழந்தைகளைப் பற்றி 1997 இல் அறிவித்தனர். எட்டு வயதுச் சிறுமியின் எடை 86 கிலோகிராமாகவும், இரண்டு வயதுச் சிறுவனின் எடை 29 கிலோகிராமாகவும் இருந்தன. அக்குழந்தைகளுக்குப் பசி அடங்கவே இல்லை. பின்னர் அச்சிறுமிக்கு லெப்டின் ஊசி தொடங்கப்பட்டதும் பசி அடங்கி எடையும் குறைந்தது.

இத்தகைய ஒற்றை மரபணுக் குறை மிக அரிது. பெரும்பாலான நோயாளிகளிடம் லெப்டின் மிகுதியாகவே உள்ளது. ஆனால் மூளை அதற்குப் போதிய அளவு செவிசாய்ப்பதில்லை. இது லெப்டின் எதிர்ப்பு எனப்படுகிறது.

எடையைக் காக்கும் உடல்

ஒரு கிலோகிராம் கொழுப்புத் திசுவில் ஏறத்தாழ 7,700 கிலோகலோரி ஆற்றல் உள்ளது. ஆகவே நாளொன்றுக்கு 500 கிலோகலோரியைக் குறைத்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 24 கிலோகிராம் குறைய வேண்டும் என்று கணக்கிடலாம். நடைமுறையில் அவ்வாறு நிகழ்வதில்லை. எடை குறையும்போது லெப்டின் குறைகிறது. இரைப்பையில் சுரந்து பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் இயக்குநீர் மிகுகிறது. ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆற்றலும் சுருங்குகிறது. பஞ்ச காலத்தில் உயிரைக் காத்த இந்த ஏற்பாடு, எடையைக் குறைக்க முயல்பவருக்குத் தடையாகிறது.

அமெரிக்கத் தொலைக்காட்சியின் எடைக் குறைப்புப் போட்டி ஒன்றில் பங்கேற்ற 14 பேரை ஆறு ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்து, அதன் முடிவு 2016 இல் வெளியிடப்பட்டது. அவர்களில் பெரும்பாலானோர் இழந்த எடையின் பெரும்பகுதியை மீண்டும் பெற்றிருந்தனர். அவ்வாறு எடை கூடிய பின்னரும், அவர்களின் உடல் ஓய்வில் செலவிடும் ஆற்றல் எதிர்பார்க்கப்பட்டதை விட நாளொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 500 கிலோகலோரி குறைவாகவே இருந்தது.

உடல்நலச் சிக்கல்கள்

தீவிர உடற்பருமன் உடலின் ஏறக்குறைய எல்லா உறுப்பு மண்டலங்களையும் பாதிக்கிறது. அவற்றுள் முதன்மையானவை பின்வருமாறு:

மூச்சுக் கோளாறுகள்: கழுத்தைச் சுற்றியுள்ள கொழுப்பு உறக்கத்தில் மூச்சுப் பாதையை அடைப்பதால் மூச்சு அடிக்கடி தடைப்படுகிறது. மார்பிலும் வயிற்றிலும் உள்ள எடை நுரையீரல் விரிவதைத் தடுக்கிறது. இதனால் குருதியில் கரியமில வாயு தேங்கும் நிலைக்குப் பிக்விக் கூட்டறிகுறி என்ற பெயர் 1956 இல் மருத்துவ இதழ் ஒன்றில் இடப்பட்டது. சார்லஸ் டிக்கன்ஸின் புதினத்தில் எப்போதும் உறங்கி வழியும் பருத்த சிறுவன் ஒருவன் வருகிறான். அப்புதினத்தின் பெயரை ஒட்டியே இப்பெயர் அமைந்தது.

இதயமும் குருதிக் குழாய்களும்: உயர் இரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, கால் நாளங்களில் குருதி உறைதல் ஆகியவை ஏற்படுகின்றன. உறைந்த கட்டி நுரையீரலைச் சென்றடைந்தால் திடீர் மரணம் நேரலாம்.

வளர்சிதை மாற்றம்: இரண்டாம் வகை நீரிழிவு, கொழுப்பு ஈரல், பித்தக் கற்கள் ஆகியவை தோன்றுகின்றன.

புற்றுநோய்: மிகைக் கொழுப்புக்கும் 13 வகைப் புற்றுநோய்களுக்கும் தொடர்புள்ளதாகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016 இல் அறிவித்தது. கருப்பை உட்சுவர், பெருங்குடல், சிறுநீரகம் ஆகியவற்றின் புற்றுநோய்கள் இவற்றுள் சில.

மூட்டுகளும் தோலும்: முழங்கால் மூட்டு தேய்கிறது. தோல் மடிப்புகளில் வியர்வை தங்கிப் புண்ணும் பூஞ்சைத் தொற்றும் உண்டாகின்றன. கால்களில் நிணநீர் தேங்கி வீக்கம் நிலைத்துவிடுகிறது.

அன்றாட வாழ்க்கை

மூட்டு வலியால் நடை குறைகிறது. நடை குறைவதால் எடை மேலும் கூடுகிறது. மல்லாந்து படுத்தால் மூச்சுத் திணறுவதால் பலர் நாற்காலியில் அமர்ந்தபடியே உறங்குகின்றனர். குளித்தல், கழிவறை செல்லுதல், காலணி அணிதல் ஆகியவற்றுக்குப் பிறர் உதவி தேவைப்படலாம். பேருந்து இருக்கையும் திரையரங்க இருக்கையும் போதாமையால் வெளியிற் செல்வதைத் தவிர்ப்போரும் உளர். வேலை வாய்ப்பிலும் திருமணத்திலும் எதிர்கொள்ளும் புறக்கணிப்பும், பொது இடங்களில் எழும் கேலியும் மனச்சோர்வுக்கு இட்டுச் செல்கின்றன. நோயாளியைத் தூக்கியும் திருப்பியும் பராமரிக்கும் குடும்பத்தினருக்கு முதுகு வலி ஏற்படுவது வழக்கம்.

மருத்துவமனையில் எழும் இடர்ப்பாடுகள்

மருத்துவக் கருவிகள் பெரும்பாலும் நடுத்தர உடலமைப்பைக் கருத்திற் கொண்டே வடிவமைக்கப்பட்டுள்ளன. கைக்குப் பொருந்தாத சிறிய பட்டையைக் கொண்டு இரத்த அழுத்தத்தை அளந்தால், உள்ளதை விடக் கூடுதலான அளவு காட்டும். பழைய கணினி வழி ஊடுகதிர் வருடிகளின் மேசைகள் பல ஏறத்தாழ 200 கிலோகிராம் வரையே தாங்கும். மேசை தாங்கினாலும் வளையத்தினுள் உடல் நுழையாமற் போகலாம். மீயொலி அலைகள் தடித்த கொழுப்புப் படலத்தை ஊடுருவும்போது வலுக்குறைவதால் படம் தெளிவாக அமைவதில்லை. ஊசி ஏற்றுவதற்கு நாளத்தைக் கண்டறிவதும் கடினம்.

மயக்க மருந்து கொடுப்பதில் இடர் மிகுதி. நோயாளியின் நுரையீரலில் ஆக்சிசன் இருப்புக் குறைவு என்பதால், மூச்சுக் குழாய் பொருத்தச் சற்றுத் தாமதமானாலும் குருதியில் ஆக்சிசன் விரைந்து வீழ்கிறது. இதனால் தலையையும் தோளையும் உயர்த்திய நிலையில் வைத்தே மயக்கமூட்டுகின்றனர். சில மருந்துகளை மொத்த எடையைக் கொண்டும், சிலவற்றைக் கொழுப்பு நீங்கிய எடையைக் கொண்டும் அளவிட வேண்டும். அளவு தவறினால் மருந்து பயனற்றுப் போகலாம் அல்லது நஞ்சாகலாம்.

எந்த நோய்க்குறியுடன் சென்றாலும் "முதலில் எடையைக் குறையுங்கள்" என்ற விடையே கிடைக்கும்போது, வேறு நோய்கள் கண்டறியப்படாமற் போகின்றன. அவமதிப்புக்கு அஞ்சி மருத்துவரை நாடாதிருப்பவர்களின் நோய் முற்றிய பின்னரே வெளிப்படுகிறது. நோயின் விளைவாகக் கருதப்படும் இறப்புகளில் சில, இத்தாமதத்தின் விளைவுகளே ஆகும்.

ஜான் பிரோவர் மின்னோக்

மருத்துவ வரலாற்றில் பதிவான மிக அதிக எடை கொண்டவர் அமெரிக்காவின் ஜான் பிரோவர் மின்னோக் (1941–1983) ஆவார். குழந்தைப் பருவம் முதலே உடற்பருமன் கொண்டிருந்த இவரது உயரம் 185 சென்டிமீட்டர். 1963 இல் 178 கிலோகிராமாக இருந்த எடை, 1966 இல் 317 ஆகவும், 1976 இல் 442 ஆகவும் உயர்ந்தது. 1978 மார்ச்சில் இதயமும் மூச்சும் செயலிழந்த நிலையில் சியாட்டில் நகரின் பல்கலைக்கழக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவரை வீட்டிலிருந்து கொண்டுவர ஏறக்குறைய பன்னிரண்டு தீயணைப்பு வீரர்களும், அதற்கெனச் செய்யப்பட்ட தூக்குப் படுக்கையும் தேவைப்பட்டன. மருத்துவமனையில் இரு கட்டில்களைச் சேர்த்துக் கட்டி அவரைக் கிடத்தினர். அவரைப் புரட்டிப் படுக்க வைக்க 13 பேர் தேவைப்பட்டனர்.

அவரது எடை 635 கிலோகிராமுக்கு மேல் என்பது மருத்துவர் கணக்கிட்டுக் கூறிய மதிப்பீடே ஆகும். அதில் பெரும்பகுதி, இதயச் செயலிழப்பால் உடலில் தேங்கிய நீர். நாளொன்றுக்கு 1,200 கிலோகலோரி உணவுடன் ஓராண்டுக்கும் மேலாக மருத்துவமனையில் தங்கி, 216 கிலோகிராம் எடையுடன் வீடு திரும்பினார். ஆனால் எடை மீண்டும் கூடியதால் 1981 இல் மறுபடியும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 1983 செப்டம்பர் 10 அன்று தமது 41 ஆம் அகவையில் இறந்தபோது அவரது எடை 362 கிலோகிராம். எடையைக் குறைத்தல் ஒரு கட்டம் என்றால், குறைந்த எடையைக் காத்தல் அதனினும் கடினமான மற்றொரு கட்டம் என்பதற்கு இவரது வாழ்வு சான்றாகும். அந்நாளில் இரண்டாம் கட்டத்திற்கு உதவும் மருந்துகள் ஏதும் இல்லை எனலாம்.

மருத்துவம்

உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் எல்லா நிலையிலும் தேவையானவை. எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே இரத்த அழுத்தமும் நீரிழிவும் மேம்படுகின்றன. ஆனால் தீவிர உடற்பருமனில் இவை மட்டும் போதுமானவையாக இருப்பது அரிது.

அறுவை மருத்துவத்தில் தொடக்க முயற்சிகள் தீங்கு விளைவித்தன. 1950களில் தொடங்கிய சிறுகுடல் மாற்றுவழி அறுவையால் பலருக்கு ஈரல் கெட்டதால் அம்முறை கைவிடப்பட்டது. அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்டு மேசன் 1966 இல் இரைப்பை மாற்றுவழி அறுவையை அறிமுகப்படுத்தினார். இன்று இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கிக் குழாய் வடிவில் அமைக்கும் அறுவை பரவலாகச் செய்யப்படுகிறது. இவ்வறுவைகள் இரைப்பையைச் சுருக்குவதோடு, பசியையும் நிறைவுணர்வையும் ஆளும் இயக்குநீர்களையும் மாற்றுகின்றன. சுவீடனில் 1987 இல் தொடங்கிய ஆய்வு 4,000க்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்தது. அறுவை செய்துகொண்டோரிடையே இறப்பு ஏறத்தாழ கால்பங்கு குறைவாக இருந்ததாக 2007 இல் அதன் முடிவு வெளியானது. அறுவைக்குப் பின் இரும்பு, கால்சியம், உயிர்ச்சத்து பி12 முதலியவற்றை வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டும்.

புதிய மருந்துகளில் குறிப்பிடத்தக்கது செமாகுளுட்டைடு. இது உணவுக்குப் பின் குடலில் சுரக்கும் ஓர் இயக்குநீரைப் போலச் செயற்பட்டு நிறைவுணர்வைத் தருகிறது. 2021 இல் வெளியான ஆய்வில், இதனை 68 வாரங்கள் பெற்றவர்களின் எடை சராசரியாக 14.9 விழுக்காடு குறைந்தது. டிர்செபடைடு என்னும் மருந்தின் உயர்ந்த அளவுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எடை குறைந்ததாக 2022 இல் அறிவிக்கப்பட்டது. செமாகுளுட்டைடை நிறுத்தியவர்கள் இழந்த எடையில் மூன்றில் இரு பங்கை ஓராண்டுக்குள் மீண்டும் பெற்றனர். உயர் இரத்த அழுத்தத்தைப் போலவே இதுவும் தொடர் மருத்துவம் தேவைப்படும் நோய் என்பதையே இது காட்டுகிறது. இம்மருந்துகளின் விலை பலருக்கு எட்டாததாக உள்ளது. குமட்டலும் வாந்தியும் பொதுவான பக்க விளைவுகள்.

நோய் என்னும் ஏற்பு

அமெரிக்க மருத்துவச் சங்கம் 2013 இல் உடற்பருமனை நோய் என ஏற்றது. பருமன் உள்ளவர் அனைவரையும் நோயாளி என்பதற்கு எதிர்ப்பும் உண்டு. இக்கருத்து வேறுபாட்டைத் தீர்க்க முயன்ற பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று, 2025 சனவரியில் லான்செட் குழும மருத்துவ இதழ் ஒன்றின் வாயிலாகப் புதிய வரையறையை முன்வைத்தது. இதன்படி, மிகைக் கொழுப்பால் உறுப்புகளோ அன்றாடச் செயல்களோ பாதிக்கப்பட்டிருந்தால் மட்டுமே அது நோயாகக் கொள்ளப்படும். மருத்துவக் காப்பீடு, அறுவைக்கான தகுதி, மருந்துக்கான அரசு உதவி ஆகியவை இத்தகைய வரையறைகளைச் சார்ந்து அமையக்கூடும். ஆகவே இது சொல்லைப் பற்றிய விவாதமாக மட்டும் அமையாமல், யாருக்கு மருத்துவம் கிடைக்கும் என்பதையும் முடிவு செய்கிறது.