கடவுச்சொல்லும் காவற்பதிவும்

முன்னுரை

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியதாகும். ‘பகரா’ அத்தியாயத்தின் 282ஆம் வசனமாகிய அது, தவணைக் கடனை எழுதிக்கொள்ளுமாறும், எழுதுபவர் நீதி தவறாது எழுதுமாறும், சாட்சிகளை வைத்துக்கொள்ளுமாறும் பணிக்கிறது. நம் தமிழ் மண்ணிலும் சோழ மன்னர் வாய்மொழியாக இட்ட ஆணையைத் திருமந்திர ஓலை எழுதுவோர் எழுத, ஓலை நாயகம் ஒப்பமிட, வரிப்பொத்தகத்தில் அது பதிவாயிற்று. ‘இவை இன்னார் எழுத்து’ என்று முடியும் கல்வெட்டுகள் பலவாகும். யார் செய்தார், எப்போது செய்தார், யார் அறியச் செய்தார் என்னும் மூன்று வினாக்களுக்கு விடை கூறாத கணக்கு கணக்காகாது என்பதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர்.

இன்று பேரேடு கணிப்பொறிக்குள் புகுந்துவிட்டது. வாழப்பாடியின் பாக்கு மண்டியாயினும், ஜவ்வரிசி ஆலையாயினும், கூட்டுறவுச் சங்கமாயினும் வரவு செலவு மென்பொருளிலேயே எழுதப்படுகிறது. பேரேட்டில் கையெழுத்தே சாட்சி கூறும். கணிப்பொறியில் எல்லோர் எழுத்தும் ஒன்றே. ஆளை அடையாளங்காட்ட எஞ்சியிருப்பவை பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மட்டுமே. அவை களவு போனால், களவாடியவன் செய்ததெல்லாம் உரியவர் பெயரிலேயே பதிவாகும். பொருளை இழந்த முதலாளியைக் காட்டிலும், செய்யாத குற்றத்தின் பழியைச் சுமக்கும் கணக்கரின் நிலையே இரங்கத்தக்கது. அவருக்காகப் பேசக்கூடிய ஒரே சாட்சி, மென்பொருளின் நுழைவுப் பதிவேடே ஆகும்.

கும்பகோணம் தந்த பாடம்

1904ஆம் ஆண்டு கும்பகோணத்தில் தோன்றிய சிட்டி யூனியன் வங்கியில் 2018 பிப்ரவரியில் நிகழ்ந்தது ஈண்டு நோக்கத்தக்கது. பிப்ரவரி 7ஆம் நாள் கணக்குகளை ஒத்துப்பார்த்தபோது, வங்கி அனுப்பாத மூன்று பணமாற்றங்கள் ‘ஸ்விஃப்ட்’ என்னும் பன்னாட்டுப் பணச்செய்தி அமைப்பின் வழியே சென்றிருந்தமை தெரியவந்தது. ஒன்று துபாய்க்கு 5 லட்சம் டாலர். மற்றொன்று துருக்கிக்கு 3 லட்சம் யூரோ. பிறிதொன்று சீனாவுக்கு 10 லட்சம் டாலர். துபாய்க்குச் சென்ற தொகை இடைவழியிலேயே தடுக்கப்பட்டது. இஃது அயல்நாட்டுக் கணினிக் குற்றவாளிகளின் செயல் என்றும், ஊழியர் உடந்தையாக இருந்ததற்குச் சான்று இல்லை என்றும் வங்கி அறிவித்தது.

இதில் நாம் ஊன்றிக் கருதவேண்டியது, திருடர்கள் முதலில் எதன்மீது கைவைத்தனர் என்பதே. ஒவ்வொரு பணமாற்றத்துக்கும் ஒப்புகைச் செய்தியை அச்சிட்டுத் தரும் அச்சுப்பொறியை அவர்கள் செயலிழக்கச் செய்திருந்தனர். கன்னம் வைப்போன் காவல் நாய்க்கு மயக்கச் சோறு இடுவது போன்றதே இச்செயல்.

இதற்கு ஈராண்டு முன்பு, 2016 பிப்ரவரியில், வங்காளதேச மத்திய வங்கியிலும் இதுவே நிகழ்ந்தது. ஊழியர்களின் நுழைவுச் சான்றுகளைக் களவாடியோர், வாரவிடுமுறை தொடங்கும் வியாழன் இரவில், ஏறத்தாழ 95 கோடி டாலருக்கு 35 ஆணைகளை அனுப்பினர். அங்கும் அச்சுப்பொறி ஊமையாயிற்று. அவர்கள் புகுத்திய தீய நிரல் பதிவுகளையும் அழித்தது. 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்ஸ் சென்று சேர்ந்தது. இலங்கைக்குச் சென்ற 2 கோடி டாலரோ, பெறுநர் பெயரில் இருந்த ஓர் எழுத்துப்பிழையால் ஐயம் எழுந்து நின்றுபோயிற்று. எழுத்தைக் கூர்ந்து நோக்கும் ஒரு கண் 2 கோடி டாலரைக் காத்ததெனில், பிழையறப் படிக்கும் பழக்கத்தின் பெருமையை மாணவர்க்கு வேறு எவ்வாறு விளக்குவது!

பதிய வேண்டியவை

நல்ல மென்பொருள் ஒவ்வொரு நுழைவின்போதும் சிலவற்றைத் தானே குறித்துக்கொள்ளும். பயனர் பெயர், நாள், நேரம், எந்தக் கருவியிலிருந்து, எந்த இணைய முகவரி எண்ணிலிருந்து நுழைந்தார், முயற்சி வென்றதா தோற்றதா, நுழைந்தபின் என்ன செய்தார் என்பன அவை. தோல்வியுற்ற முயற்சிகளையும் விடாது பதிதல் இன்றியமையாதது. கதவைத் தட்டிப் பார்த்தவனின் தடம் அங்கேயே கிடைக்கும். ஆயினும் கடவுச்சொல்லை மட்டும் ஒருபோதும் பதிவேட்டில் எழுதலாகாது. எழுதினால் காவற்பதிவே கள்வனுக்குச் சாவிக்கொத்தாகிவிடும்.

சரியான கடவுச்சொல்லோடு வருபவனைப் பூட்டு ஐயுறாது. ஆதலின் ஐயுறும் பொறுப்பு பதிவேட்டைப் படிப்பவரையே சாரும். வாழப்பாடி மண்டி ஒன்றின் கணக்கர் நாள்தோறும் காலை 9 மணிக்கு நுழைந்து மாலை 6 மணிக்கு வெளியேறுபவர் எனக் கொள்வோம். ஒருநாள் இரவு 2 மணிக்கு அவர் பெயரில் அயல்நாட்டு முகவரியிலிருந்து நுழைவு காணப்பட்டால், அஃது அவர் அல்லர் என ஐயுற இடமுண்டு. பலமுறை தோற்றபின் ஒருமுறை வென்ற நுழைவும், ஒரே முகவரியிலிருந்து பல பயனர் பெயர்களில் நிகழ்ந்த முயற்சியும், நுழைந்தவுடன் கைப்பேசி எண்ணையோ வங்கிக் கணக்கு எண்ணையோ மாற்றுவதும் ஐயத்திற்குரியனவே. ஐயம் வேறு, தீர்ப்பு வேறு. கணக்கர் பயணத்தில் இருந்திருக்கலாம். புதிய கருவி வாங்கியிருக்கலாம். முதலில் அவரையே தொலைபேசியில் வினவுதல் முறையாகும். அவர் மறுத்தால், உடனே அந்நுழைவைத் துண்டித்துக் கடவுச்சொல்லை மாற்றுதல் வேண்டும். பதிவுகளை அழியாது காத்து, படியெடுத்தும் வைத்தல் வேண்டும்.

கும்பகோணமும் டாக்காவும் உணர்த்தும் உண்மை யாதெனில், பதிவேடு திருடனின் கைக்கு எட்டும் இடத்தில் இருத்தலாகாது என்பதே. பதிவின் படி வேறொரு கணிப்பொறிக்கு உடனுக்குடன் செல்லுதல் வேண்டும். அதனை அழிக்கும் உரிமை நாள்தோறும் கணக்கெழுதுவோர்க்கு இருத்தல் கூடாது. ‘பதிவு வரவில்லை’ என்பதையே முதல் எச்சரிக்கையாகக் கொள்ளல் வேண்டும்.

சட்டம் கூறுவது

பிறர் கடவுச்சொல்லை வஞ்சகமாகப் பயன்படுத்துவோர்க்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. 2022 ஏப்ரல் 28ஆம் நாள் இந்தியக் கணினி அவசரநிலைச் செயற்குழு பிறப்பித்த ஆணையின்படி, நிறுவனங்கள் பதிவுகளை 180 நாள்கள் காத்தல் வேண்டும். ஊடுருவலை அறிந்த ஆறு மணி நேரத்திற்குள் தெரிவித்தல் வேண்டும். கருவிகளின் கடிகாரங்களையும் அரசு நேரக் கணிப்பொறிகளோடு ஒத்தியங்கச் செய்தல் வேண்டும். இரு கணிப்பொறிகள் இருவேறு நேரம் காட்டினால் எது முன், எது பின் என்று நிறுவ இயலாதன்றோ! 2023 ஏப்ரல் 1 முதல், நிறுமங்களின் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தையும் நாளுடன் பதிதல் வேண்டும் என்பதும், அவ்வசதியை நிறுத்தி வைக்க இயலாதவாறு அமைத்தல் வேண்டும் என்பதும் விதியாயின.

முடிவுரை

ஆயினும் ஒரு குறை நம் கையாலேயே விளைகிறது. ஒரே கடவுச்சொல்லை நால்வர் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் நம் கடைகளிலும் அலுவலகங்களிலும் பரவலாக உள்ளது. நம்பிக்கை, அவசரம் ஆகியவற்றின் பேரில் செய்யப்படும் இச்செயல், பதிவேட்டைப் பொய்ச்சாட்சி ஆக்கிவிடுகிறது. நால்வர் ஒரு பெயரில் நுழைந்தால், தவறு செய்தவர் எவர் என்பதை எந்த வல்லுநராலும் கூற இயலாது. பழி மட்டும் பெயருக்குரியவர் தலையில் விழும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ‘அல் அமீன்’, அதாவது நம்பிக்கைக்குரியவர், என்று மக்கா மாந்தரால் அழைக்கப்பெற்றார்கள். அவர்களை எதிர்த்தோரும் தம் பொருளை அவர்களிடமே ஒப்படைத்திருந்தனர். ஒப்படைக்கப்பட்டது பொருளாயினும் சொல்லாயினும் அமானிதமே. நாளை அலுவலகங்களிலும் வணிகங்களிலும் பொறுப்பேற்கவிருக்கும் மாணவச் செல்வங்கள், கடவுச்சொல்லை அமானிதமாகக் காத்தலும், நுழைவுப் பதிவை நாள்தோறும் ஒருமுறையேனும் படித்தலும் கடமையெனக் கொள்வார்களாக. அப்பதிவு கள்வனைக் காட்டிக்கொடுக்கும். நல்லவரைப் பழியிலிருந்து மீட்கவும் உதவும்.