உதவித் தொகையும் உரிய காலமும்

உழவருக்கும் நெசவாளருக்கும் கைகால்களும் கண்களுமே முதல் மூலதனம். கடன் வாங்கிய முதல் போனால் மீண்டும் ஈட்டலாம். இம்மூலதனம் போயின் ஈடு செய்தல் அரிது. கதிரடிக்கும் இயந்திரத்தில் கை சிக்கியவரும், கண்ணொளி மங்கி அறுந்த இழையைப் பிணைக்க இயலாது தறியை விட்டு இறங்கியவரும், வாதத்தால் மிதிக்கட்டையை மிதிக்க மாட்டாதவரும் நம் சங்கங்கள் ஒவ்வொன்றிலும் உளர். ரெட்டிபாளையம் சுற்றுப்புறச் சங்கங்களை நாம் ஆய்வு செய்யச் செல்லுங்கால், கணக்குப் புத்தகங்களை மூடிய பின்னர் அங்கத்தினர் நம்மிடம் கேட்கும் வினாக்கள் பெரும்பாலும் இரண்டே. “அரசு தரும் உதவித் தொகைக்கு நான் தகுதியுடையவனா?” என்பது ஒன்று. “கால் போய் மூன்று ஆண்டாயிற்று, கழிந்த ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கிடைக்குமா?” என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் தெளிவுபடுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நமது மாநிலத்தில் முதியோர் ஓய்வூதியத் திட்டம் 1962-ஆம் ஆண்டில் தோன்றியது. உடல் ஊனமுற்றோருக்கென (இன்று மாற்றுத்திறனாளிகள் என மதிப்புடன் அழைக்கப் பெறுவோருக்கென) தனி ஓய்வூதியம் 1974-இல் ஏற்பட்டது. மத்திய அரசு 2009-இல் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளிகள் ஓய்வூதியத்தைத் தொடங்கிற்று. இத்திட்டத்தில் மத்திய அரசின் பங்கு முதலில் மாதம் 200 ரூபாயாக இருந்து, 2012-இல் 300 ரூபாயாயிற்று. அதுவும் வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்தில், 80 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்புற்றோருக்கே உரியது. இத்தொகையின் மேல் மாநில அரசு தன் பொறுப்பில் சேர்த்துத் தருவதே கூடுதல் தொகை. மத்திய அரசின் வரம்புக்குள் வாராத, 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்புடையோருக்கு மாநிலத் திட்டம் இடமளிக்கின்றது. ஆகவே, “80 விழுக்காடு இல்லை, நமக்கு ஒன்றும் கிட்டாது” என்று வாளாவிருத்தல் தவறு.

கூடுதல் தொகைக்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. முந்தைய 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றது; இச்சட்டம் 21 வகைகளை ஏற்கின்றது. பார்க்கின்சன் நோய், தசைச் சிதைவு, அமிலம் வீசப்பட்டதால் நேர்ந்த பாதிப்பு ஆகியனவும் இவற்றுள் அடங்கும். இதன் 24-ஆம் பிரிவு, ஏனையோருக்கு உள்ள ஒத்த திட்டங்களைவிட மாற்றுத்திறனாளிகட்குத் தரும் உதவி குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக இருத்தல் வேண்டும் என்கிறது. அரசின் பொருளாதார வலிமைக்கு உட்பட்டே திட்டங்கள் வகுக்கப்படும் என்ற சொற்களும் அப்பிரிவில் உள்ளன என்பதையும் மறத்தலாகாது.

இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 2023 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் ஓய்வூதியம் 1000 ரூபாயிலிருந்து 1500 ரூபாயாக உயர்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு முதல் முதியோர் ஓய்வூதியம் 1200 ரூபாயாயிற்று. 1200-இல் 25 விழுக்காடு 300. இரண்டும் சேர்ந்தால் 1500. இதிலிருந்து ஒரு பாடம் பெறலாம். 60 வயது நிரம்பியதும் முதியோர் ஓய்வூதியத்துக்கு மாற விழையும் மாற்றுத்திறனாளி அங்கத்தினர், முதலில் இரு தொகைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். மாறுவதனால் தொகை குறைதலும் கூடும். விகிதங்கள் அவ்வப்போது திருத்தப் பெறுமாதலால், விண்ணப்பிக்கும் நாளில் நடப்பிலுள்ள தொகையை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டறிதல் நலம்.

இனித் தகுதியைப் பற்றி. மருத்துவச் சான்றில் காணும் விழுக்காடு உடலின் குறைபாட்டை அளப்பது. தொழில் இழப்பை அளப்பதன்று. நெசவாளி ஒருவருக்கு இரு விரல்கள் போயின், அவர் பிழைப்பு முழுதும் போனதாக அவர் எண்ணலாம். சான்றில் விழுக்காடு 40-க்குக் குறைவாகவே வரலாம். இதனை அறியாது மருத்துவரிடம் மனக்கசப்புக் கொள்வோரைக் கண்டிருக்கின்றோம். எனினும், மதிப்பீடு பிழையென உண்மையாகவே கருதுவோர், சட்டத்தின் 59-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். சான்று மறுக்கப்படின் காரணத்தை எழுத்தில் பெறும் உரிமையும் உண்டு. இந்நாளில் வழங்கும் தனி அடையாள அட்டை நிறத்தாலேயே நிலையை உணர்த்தும்: 40 விழுக்காட்டுக்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 79 வரை மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம். சான்று நாடெங்கும் செல்லும். ஆதலால் திருப்பூருக்கோ பெங்களூருக்கோ பிழைக்கச் சென்று திரும்பியவர் மீண்டும் புதுச் சான்று தேட வேண்டியதில்லை.

வருவாய்த் துறை தரும் ஓய்வூதியம் வேறு. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித் தொகை வேறு. பின்னது அறிவுசார் குறைபாடு, கடும் பாதிப்பு, தசைச் சிதைவு முதலியவற்றால் துன்புறுவோருக்கு உரியது. எது தமக்குப் பொருந்தும் என்பதை அரியலூர் மாவட்ட ஆட்சியரகத்திலுள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் கேட்டுத் தெளிந்த பின்னரே விண்ணப்பித்தல் முறை.

அடுத்து, பலரும் ஆவலுடன் கேட்கும் பழைய நிலுவை. இதனை நான்காகப் பிரித்துக் காண்க.

முதலாவது, விண்ணப்பமே செய்யாத காலம். ஊனம் நேர்ந்த நாள் முதல் தொகை தானே ஊறி நிற்பதில்லை. கேளாதவர் பெயரில் அரசு கணக்கு வைப்பதில்லை. மாதம் 1500 ரூபாய் என்ற கணக்கில், 14 மாதம் தாமதித்தவர் 21,000 ரூபாயை இழந்தவராவர்.

இரண்டாவது, விண்ணப்பித்த நாளுக்கும் அனுமதி உத்தரவுக்கும் இடைப்பட்ட காலம். எம்மாதம் முதல் தொகை என்பது உத்தரவிலேயே குறிக்கப்பெறும். அதற்கு முந்தியது தானாக வாராது. விளக்கம் கேட்க வேண்டுமாயின் விண்ணப்பித்த நாளுக்குச் சான்று வேண்டும். ஆதலால் இ-சேவை மையத்தில் தரும் ஒப்புகைச் சீட்டைப் பங்குப் பத்திரத்தைப் போற்றுவது போல் போற்றி வைத்தல் வேண்டும்.

மூன்றாவது, அனுமதியான பின் இடையில் நின்றுபோன தொகை. வங்கிக் கணக்கு எண்ணில் பிழை, ஆதார் இணைப்பின்மை போன்றவை காரணமாகலாம். இங்கே உரிமை முன்னரே நிலைநாட்டப்பட்டிருத்தலின், நின்ற மாதங்களை வரிசையாகக் குறித்து, வங்கிப் புத்தகப் பிரதியுடன் தனி வட்டாட்சியருக்கு எழுதிக் கேட்கலாம்.

நான்காவது, விகிதம் உயர்ந்தபோது வர வேண்டிய வித்தியாசம். 2023 ஜனவரி முதல் 1500 வர வேண்டியவருக்கு மூன்று மாதம் 1000 வீதமே வந்திருப்பின், குறைவு 1500 ரூபாய். உயர்வு உத்தரவில் கண்ட நாளிலிருந்தே இதனைக் கேட்டல் நியாயம்.

தாமதத்தின் விலையைக் காட்டும் வழக்கு ஒன்றுண்டு. 1983-இல் உடல் நலிவால் படையிலிருந்து விடுவிக்கப்பட்ட வீரர் ஒருவர், ஊன ஓய்வூதியம் கோரி 1999-இல்தான் உயர் நீதிமன்றத்தை நாடினார். உயர் நீதிமன்ற அமர்வு 1983 முதலே நிலுவை தரக் கூறிற்று. ஆயின் உச்ச நீதிமன்றம், 2008 ஆகஸ்டு 13-இல் அளித்த தீர்ப்பில், ஓய்வூதிய உரிமையை மறுக்கவில்லை. மாதந்தோறும் தொடரும் குறையாதலின் தாமதம் உரிமையை அழிக்காது என்றது. எனினும் நிலுவையை, மனுச்செய்ததற்கு முந்திய மூன்று ஆண்டுகட்கே வரையறுத்தது. அஃது இராணுவப் பணியால் விளைந்த உரிமை. கிராமத்து உதவித் தொகை அத்தகையதன்று. அத்துணை வலிய உரிமைக்கே பதின்மூன்று ஆண்டு நிலுவை கழிந்தது என்றால், நாம் எத்துணை விரைதல் வேண்டும்!

இதில் சங்கங்களின் கடமை யாது? நிர்வாகக் குழுவினர் ஆண்டுக்கொரு முறை அங்கத்தினர் பதிவேட்டைப் புரட்டி, தறி நிறுத்தியோர் யார், நிலத்துக்குச் செல்ல இயலாதோர் யார் எனக் குறித்துக் கொள்ளலாம். செயலாளர் அவர்களுக்குச் சான்று, அட்டை, விண்ணப்பம் ஆகியவற்றில் கைகொடுக்கலாம். கடன் தவணை தவறியவர் என்று மட்டும் ஒருவரை எழுதி வைத்து, தவறியதன் காரணம் அவர் கண்ணில் படர்ந்த திரை என்பதை எழுதாமல் விடுவது கூட்டுறவாகாது. அவருக்கு மாதந்தோறும் வரும் ஓய்வூதியம் அடுப்பை எரிய வைக்கும். அவரது தன்மானத்தையும் காக்கும்.

இவ்விதழைப் படித்த அங்கத்தினர், எழுத்தறியாத அண்டை வீட்டார்க்கும் இதனைப் படித்துக் காட்டுக. சான்று இல்லாதோர் இம்மாதமே மருத்துவமனைக்குச் செல்க. சான்றுள்ளோர் இவ்வாரமே விண்ணப்பிக்க. பொழுது பார்த்து விதைப்பவனுக்கே விளைச்சல். உதவித் தொகைக்கும் அவ்விதியே.