யந்திரத்துக்கும் ஜுரம் வரும்

மனித தேகத்துக்கு இத்தனை டிகிரி உஷ்ணம் என்று ஓர் அளவு உண்டு. அளவுக்கு மேல் ஏறினால் ஜுரம். மிகவும் இறங்கினாலோ அதுவும் ஆபத்துதான். மோட்டார் சைக்கிளின் எஞ்சினுக்கும் இதே நியதிதான். எஞ்சின் எவ்வளவுக்குக் குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவுக்கு நல்லது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது சரியன்று. உஷ்ணத்தை ஒழிப்பதல்ல, அதை ஓர் அளவில் நிறுத்துவதே காரியம்.

முன்னெல்லாம் நம் நாட்டு மோட்டார் சைக்கிள்களுக்குக் காற்றே விசிறி. திருவொற்றியூரில் உருவான புல்லட் வண்டியின் எஞ்சினைச் சுற்றி அடுக்கடுக்காக இருந்த உலோகத் தகடுகள் அந்தக் காற்றை வாங்குவதற்காக அமைந்தவையே. இப்பொழுது காலம் மாறிவிட்டது. 2017-இல் ஓசூர் டி.வி.எஸ். தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த அப்பாச்சி ஆர்.ஆர். 310, 2023-இல் வெளிவந்த ராயல் என்பீல்டு ஹிமாலயன் 450 ஆகிய வண்டிகளின் எஞ்சின்களைத் திரவம் குளிர்விக்கிறது. இரண்டும் தமிழ்நாட்டுத் தயாரிப்புகள் என்பது நமக்குப் பெருமை. ஆனால் இவற்றில் ஏறிச் செல்லும் நம் பிள்ளைகள் இவற்றின் இயல்பை அறிந்திருக்கிறார்களா?

பெட்ரோல் எரியும்போது பிறக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுவதில்லை. மற்றதெல்லாம் வெப்பமாகவே வெளியேற வேண்டும். சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் உஷ்ணம் 2,000 டிகிரி சென்டிகிரேடையும் கடக்கும். அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். உலோகம் உருகாமல் காப்பது அதைச் சுற்றி ஓடும் திரவமே. ஒரு பம்பு அதை ஓட்டுகிறது. முன்புறமுள்ள ரேடியேட்டரில் அது வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது. இடையில் தெர்மோஸ்டாட் என்றொரு வாயிற்காப்போன் உண்டு. திரவம் சுமார் 80 டிகிரி அடையும் வரையில் அவன் கதவைத் திறப்பதில்லை. குளிர்ந்த எஞ்சினில் எண்ணெய் தடித்திருக்கும், தேய்மானமும் அதிகம். ஆகையால் மார்கழிக் காலையில் வண்டியைக் கிளப்பியவுடன் முறுக்காமல், முதல் சில நிமிஷங்கள் நிதானமாகச் செல்வதே நலம்.

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் சாலை வழியே சென்று சிறுமலை ஏறுவோர் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். சமவெளி வெயிலில் சூடேறிய வண்டி அங்கே முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் மெதுவாக ஏறுகிறது. எஞ்சினுக்கு உழைப்பு அதிகம். முகத்தில் வீசும் காற்றோ குறைவு. திரவத்தின் சூடு 100 டிகிரியை ஒட்டி வரும்போது ரேடியேட்டருக்குப் பின்னாலுள்ள மின்விசிறி தானாகவே சுழலத் தொடங்கும். அந்த இரைச்சலைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அது நோயல்ல, மருந்து. இறங்கும்போது காரியம் நேர்மாறு: பெட்ரோல் செலவு சொற்பம், காற்று தாராளம். அப்பொழுது தெர்மோஸ்டாட் வழியைச் சுருக்கி, எஞ்சின் மிதமிஞ்சிக் குளிராமல் பார்த்துக்கொள்கிறது.

எச்சரிக்கை விளக்கு எரிந்தால் மட்டும் தாமதிக்கலாகாது. வளைவில் நில்லாமல், சாலை அகன்ற ஓரிடத்தில் ஒதுங்கி எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். இங்கேதான் பெரிய அபாயம் காத்திருக்கிறது. முற்காலத்துப் பஸ்கள் மலைப்பாதையில் நின்று நின்று ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டதைப் பெரியோர்கள் கண்டிருப்பார்கள். அந்த வழக்கத்தை எண்ணி உடனே மூடியைத் திறக்க முற்படுகிறவர்கள் உண்டு. நம் வீட்டுக் குக்கரை நினைத்துப் பாருங்கள். ஆவி அடங்குமுன் அதைத் திறப்போமா? ரேடியேட்டர் மூடியும் அதே வேலையைச் செய்கிறது. ஆயிரம் மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடியின் அழுத்தத்தினால்தான் உள்ளே உள்ள திரவம் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்த கணமே அது பொங்கி முகத்திலும் கையிலும் பாயும். சூடான எஞ்சின்மீது குளிர்ந்த நீரைக் கொட்டுவதும் தவறு. உலோகம் கோணும், விரிசல் விடும்.

திரவத்தின் அளவை வண்டி ஆறியிருக்கும்போது, துணைக் குப்பியிலுள்ள இரு கோடுகளைக் கொண்டு பார்க்க வேண்டும். குறைந்தால் தயாரிப்பாளர் குறித்த கூலன்ட்டையே ஊற்றுக. கிணற்று நீர் வேண்டாம். அதிலுள்ள உப்பு, வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் படிவதுபோலவே ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிந்து அடைத்துவிடும். அவசரத்துக்குக் காய்ச்சி வடித்த நீர் போதும். ஊர் திரும்பியதும் அதை மாற்றிவிடலாம். ரேடியேட்டர் முகத்தில் ஒட்டிய சேற்றையும் பூச்சியையும் மெல்லிய நீர்வீச்சினால் கழுவிவிடுவது நல்லது.

தொட்டால் சுடாத நிலைக்கு எஞ்சின் ஆற ஒரு மணி நேரமும் ஆகலாம். அதுவரையில் மலைக்காற்றை வாங்கிக்கொண்டு, பெயர் பெற்ற சிறுமலை வாழைப்பழத்தில் ஒரு சீப்பை முடித்துவிடலாம். பழத்தை உரிப்பதோடு கைகள் நிற்கட்டும். மூடியின் பக்கம் போக வேண்டாம்.