மாணவர் விவரம் யாருக்குச் சொந்தம்?

மூன்று ஆண்டுகளுக்கு முன் நடந்தது. உதவித்தொகைக்காக எட்டாம் வகுப்பு மாணவர்களின் விவரங்களைச் சரிபார்க்கும் பணி என்னிடம் இருந்தது. மொத்தம் 34 பேர். பெயர், பிறந்த தேதி, எமிஸ் எண், சாதி, ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், பெற்றோர் கைபேசி எண் என எக்செல் தாளில் ஏழு கட்டங்கள். கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் தவறினாலும் பணம் ஏறாது. பெற்றோரே பார்த்துச் சொல்லிவிடட்டும் என்று அந்தத் தாளை அப்படியே வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "பிழை இருந்தால் இன்று மாலைக்குள் தெரிவிக்கவும்" என்று ஒரு வரியும் எழுதினேன். வேலை சீக்கிரம் முடிந்த நிம்மதியுடன் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் ஒரு மாணவியின் அம்மா வந்தார். சத்தம் போடவில்லை.

"டீச்சர், நாங்க வாடகை வீட்டுல இருக்கோம். நாங்க என்ன ஆளுங்கன்னு அந்தத் தெருவுல யார்கிட்டயும் சொன்னதில்ல. நேத்து ராத்திரி ஹவுஸ் ஓனர் அம்மா உங்க லிஸ்ட்டக் காட்டிக் கேக்குறாங்க."

வீட்டு உரிமையாளரின் பேரனும் அதே வகுப்பில்தான் படித்தான். பட்டியலைக் குழுவிலிருந்து உடனே நீக்கினேன். ஆனால் அதற்குள் பதிவிறக்கியவர்களின் கைபேசியில் அது இருக்கத்தான் செய்தது. இரண்டு மாதத்தில் அந்தக் குடும்பம் வேறு பகுதிக்குக் குடிபோனது. மாணவியின் மாற்றுச் சான்றிதழை நான்தான் எழுதினேன். விலகுவதற்கான காரணம் என்ற இடத்தில் 'பெற்றோர் விருப்பம்' என்று எழுதினேன்.

நான் எந்தத் தீய நோக்கத்துடனும் அதைச் செய்யவில்லை. சட்டம் எதையாவது மீறுகிறோம் என்ற எண்ணமும் அப்போது எனக்கு இல்லை. அதன் பிறகுதான் இது குறித்துத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அறிந்துகொண்டதைச் சக ஆசிரியர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

சட்டம் என்ன சொல்கிறது?

கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என்றும், அது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழும் உரிமையில் அடங்கியது என்றும் அந்தத் தீர்ப்பு கூறியது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் வந்த ஆதார் தீர்ப்பு, பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது என்றது.

இதன் தொடர்ச்சியாக வந்ததே டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. அந்த ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும். நாம் பழகிக்கொள்ள இடையில் கிடைத்திருக்கும் காலம் இது.

இந்தச் சட்டத்தில் 18 வயது நிறையாத எவரும் குழந்தையே. ஆகவே பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களிலும் பெரும்பாலோர் குழந்தைகள்தாம். குழந்தையின் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும்; அந்த ஒப்புதல் சரிபார்க்கத்தக்கதாக இருக்க வேண்டும். குழந்தையின் நலனுக்குத் தீங்கு தரும் வகையில் விவரத்தைக் கையாளக் கூடாது. பாதுகாப்பில் தவறினால் 250 கோடி ரூபாய் வரையிலும், குழந்தைகள் தொடர்பான கடமைகளை மீறினால் 200 கோடி ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. இவை தரவுக்குப் பொறுப்பேற்கும் அமைப்புகளுக்கான உச்ச அளவுகள். வகுப்பாசிரியர்கள் மிரண்டுபோக வேண்டியதில்லை. ஆனால் அந்த அமைப்பின் சார்பில் விவரங்களை அன்றாடம் கையில் வைத்திருப்பவர்கள் நாம்தாம் என்பதை மறக்கக் கூடாது.

கேட்பது வேறு, காட்டுவது வேறு

"அப்படியானால் எமிஸுக்கு விவரமே கேட்கக் கூடாதா?" என்று எங்கள் பள்ளியில் ஒருவர் கேட்டார். கேட்கலாம். மானியம், சலுகை, சேவை, சான்றிதழ் போன்றவற்றை வழங்குவதற்காக அரசு விவரங்களைக் கையாளச் சட்டமே வழி விட்டிருக்கிறது. கல்விப் பணிக்காகவும் மாணவர் பாதுகாப்புக்காகவும் மாணவர்களைக் கண்காணிப்பதற்குக் கல்வி நிறுவனங்களுக்கு விதிகளில் விலக்கும் உண்டு.

நான் செய்த தவறு விவரத்தைக் கேட்டதில் இல்லை. ஒரு பெற்றோர் பார்க்க வேண்டியதை 34 குடும்பங்களுக்குக் காட்டியதில்தான் இருந்தது. ஒவ்வொருவருக்கும் தேவைப்பட்டது அவரவர் பிள்ளையின் ஒரே ஒரு வரி. அதிலும் கணக்கு எண்ணைச் சரிபார்க்கச் சாதி என்ற கட்டமே தேவையில்லை. எந்த வேலைக்காக, எந்த விவரம், யாருக்கு என்ற மூன்று கேள்விகளை அன்று கேட்டிருந்தால் அந்தத் தாள் என் மேசையை விட்டு வெளியே போயிருக்காது.

ஆதார் எண் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2016ஆம் ஆண்டின் ஆதார் சட்டமே, திரட்டப்பட்ட ஆதார் எண்ணைப் பொதுவெளியில் காட்டுவதையும் ஒட்டுவதையும் தடை செய்கிறது. அறிவிப்புப் பலகையில் ஆதார் எண்ணுடன் பட்டியல் ஒட்டும் பழக்கம் எங்கேனும் இருந்தால் கைவிட வேண்டும். அடையாளத்துக்கு மட்டும் என்றால் முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரே போதும்.

படங்களிலும் கவனம்

விலையில்லாப் பொருள் வாங்கும் மாணவரின் முகத்தைப் படமெடுத்து நம் ஸ்டேட்டஸில் வைக்கிறோம். நமக்கு அது பெருமை. அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று கேட்பதில்லை. துறைக்கு அனுப்ப வேண்டிய படம் துறைக்கு மட்டும் போகட்டும்.

சில இடங்களில் இது கூச்சத்தோடு நிற்காது. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்பம், பள்ளி என அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்தில் வெளியிடுவதைப் போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவு தடுக்கிறது. மீறினால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். 'நம்ம ஸ்கூல் பொண்ணு' என்று ஆசிரியர் குழுவில் பெயரோடு எழுதுவதற்கு முன் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

இப்போது எங்கள் பள்ளியில் சில பழக்கங்களைக் கடைப்பிடிக்கிறோம்.

1. சரிபார்க்கும் விவரத்தை அந்தந்தப் பெற்றோருக்குத் தனியாக அனுப்புகிறோம் அல்லது நேரில் காட்டுகிறோம்.

2. மதிப்பெண் பட்டியலை வகுப்புக் குழுவில் போடுவதில்லை.

3. வேலை முடிந்ததும் மாணவர் விவரமுள்ள கோப்புகளைச் சொந்தக் கைபேசியிலிருந்து அழித்துவிடுகிறோம்.

4. எமிஸ் கடவுச்சொல்லைப் பதிவேட்டின் அட்டையில் எழுதி வைப்பதில்லை. கணினி மையத்தில் உள்ளவரிடம் சொல்வதும் இல்லை.

5. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளில் வினாத்தாள் தயாரிக்கிறோம். விடைத்தாளையோ மதிப்பெண்ணையோ ஏற்ற நேர்ந்தால் பெயரை நீக்கி வரிசை எண் மட்டும் இடுகிறோம்.

6. தவறி ஏதேனும் வெளியே போய்விட்டால் மறைக்காமல் உடனே தலைமை ஆசிரியரிடம் சொல்கிறோம். விவரம் கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் பொறுப்பாளர் தெரிவிக்க வேண்டும் என்பது புதிய சட்டத்தின் கடமைகளில் ஒன்று.

இவற்றால் வேலை கூடுகிறதா என்றால், கூடத்தான் செய்கிறது. இந்த ஆண்டு பெற்றோரை ஒவ்வொருவராக அழைத்து அவரவர் வரியை மட்டும் காட்டிக் கையெழுத்து வாங்கினேன். ஒரு பிற்பகல் முழுவதும் ஆனது. மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்தப் பிற்பகலை மிச்சப்படுத்த நினைத்ததற்கு ஒரு குடும்பம் வீடு மாறியது. ஒரு பிள்ளை பள்ளி மாறியது. பெற்றோர் நம்மை நம்பித்தான் விண்ணப்பத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கிறார்கள். அந்த விவரம் அவர்களுடையது; நம்மிடம் இருப்பது அதைக் காக்கும் பொறுப்பு மட்டுமே.