இருதொழிலாளன் பங்கு

பலர் ஒருங்கு கூடி ஒரு பொருளை ஈட்டியவிடத்து, அதனைப் பகுத்துக் கொள்ளுங்கால் வழக்குத் தோன்றுதல் உலக இயல்பு. ஒவ்வொருவனும் ஒவ்வொரு தொழிலே செய்தானாயின் அவ்வழக்கு ஒருவாறு தீரும். ஒருவனே இரு தொழிற்கும் உரியனாய் வந்தவிடத்து, அவனுக்கு இரண்டு பங்கா, ஒரு பங்கா, ஒன்றாயின் எத்தொழிற்குரிய பங்கு என்னும் வினா எழுகின்றது. நம் மாணாக்கருட் பலர் இரவில் நெடுநேரங் கண்விழித்து ஆடும் இணையவழி விளையாட்டுக்களில் இவ்வினா அடிக்கடி எழுந்து, நெருங்கிய நண்பரையும் பேச்சற்றவராக்கி விடுகின்றது. விளையாட்டுத்தானே என்று பெரியோர் இதனை இகழ்வர். கூலி, ஊதியம், இலாபம் என்பன பற்றிய வழக்குக்களெல்லாம் இதன்கண் சிறிய வடிவில் அடங்கிக் கிடத்தலின், யாம் இதனைச் சிறிது ஆராயப் புகுந்தனம்.

முதற்கண் நம் கடற்கரையை நோக்குவோம். தேவனாம்பட்டினத்திலும் கடலூர் முதுநகர்த் துறைமுகத்திலும் மீன் கரையேறி ஏலம் போன பின்னர், கடலுக்குச் சென்றோர் பணத்தைப் பகுத்துக் கொள்வர். நாட்கூலியினும் பங்கே அத்தொழிலிற் பெரிதும் வழங்குவது. டீசல், பனிக்கட்டி, உணவு ஆகிய பொதுச் செலவுகளை முதலிற் கழித்து, எஞ்சியதனைப் படகுக்கும் வலைக்கும் எந்திரத்துக்கும் ஆளுக்குமாகப் பங்கிடுவர். விகிதம் ஊர்க்கு ஊர், வலைக்கு வலை வேறுபடும். கணக்கு விளங்குதற்பொருட்டு ஒரு நாள் விற்பனை 12,000 ரூபாய் எனவும், செலவு 3,000 ரூபாய் எனவும் வைத்துக் கொள்க. எஞ்சிய 9,000 ரூபாயைப் படகுக்கும் கருவிகட்கும் 2 பங்கு, சென்ற நால்வர்க்கு 4 பங்கு என ஆறாக்கினால் பங்கொன்றுக்கு 1,500 ரூபாய் ஆகும். படகுடையவன் கரையிலே தங்கினால் அவனுக்குக் கிடைப்பது 3,000 ரூபாய். அவனே நால்வருள் ஒருவனாய்க் கடலுக்குச் சென்றானாயின் 4,500 ரூபாய் பெறுவான். உடன் சென்றவன் 1,500 பெற, இவன் 4,500 பெறுவது முறையோ எனின், முறையே. அவன் படகும் அன்று அலையில் தேய்ந்தது. அவன் உடம்பும் அன்று உப்புநீரில் உழைத்தது. இரண்டையும் அவன் ஒரே பொழுதில் மெய்யாகவே செலவிட்டான்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரையை அழித்த பின்னர், உதவி செய்ய வந்தோர் பலர் ஒரே படகைச் சிலர்க்குப் பொதுவாக வழங்கினர். அதனால் உடையவனும் உழைப்பவனும் ஒருவனேயாய் நிற்கும் நிலை மிகுதியாயிற்று. அத்தகைய படகில் நால்வரும் கடலுக்குச் செல்லும் நாளிற் கணக்கு எளிது. ஒருவன் காய்ச்சலாற் கரையில் தங்கிய நாளில் அவன் இழப்பது ஆட்பங்கு மட்டுமே. படகுப் பங்கில் அவனுக்குள்ள உரிமை காய்ச்சலால் குறைவதன்று. ஈருரிமையும் ஒருவனிடத்தே இருப்பினும் அவற்றைத் தனித்தனியே எண்ணுதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

நிற்க. இனி விளையாட்டிற்கு வருவோம். இவ்வகையிற் பேர்பெற்றது 2004-ஆம் ஆண்டில் வெளிவந்த வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் என்பது. அதன்கண் ஐவர் கூடி ஒரு நிலவறையுட் புகுவர். ஒருவன் கேடயந் தாங்கிப் பகைவிலங்கின் அடியனைத்தையும் தன்மேல் ஏற்பான். ஒருவன் புண்பட்டாரை ஆற்றுவான். ஏனை மூவர் தாக்குவர். விலங்கு வீழ்ந்தவுடன் கவசமோ வாளோ கோலோ ஒன்றிரண்டு கிடைக்கும். ஈண்டுத்தான் மீனுக்கும் இதற்கும் பெரியதோர் வேற்றுமை. மீன் காசாகும், காசு ஆறாகவும் அறுபதாகவும் பிரியும். வாள் பிரியாது. அன்றியும் சிறந்த பொருள்களுட் பல, எடுத்தவனோடே பிணைந்து விடுமாதலின் அவற்றை விற்றுப் பணத்தைப் பகுத்தலும் இயலாது. ஒருவன் பெற ஏனையோர் வெறுங்கையோடு மீள்வர். ஆதலின் வேண்டுவோர் ஒவ்வொருவரும் 1 முதல் 100 வரையுள்ள எண்ணொன்றைக் குலுக்கலிற் பெற்று, மிக்க எண் பெற்றவன் பொருளைக் கொள்வதென்று ஒரு வழக்கம் அமைந்தது. தன் தொழிற்குத் தேவை என்பார் முன்னும், இருந்தால் நன்று என்பார் பின்னும் நிற்பர்.

நம் மாணாக்கர் கைப்பேசியில் மிகுதியும் ஆடுவது இதுவன்று, 2021-ல் வெளிவந்த பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா போன்ற போர்விளையாட்டே என்பதை அறிவோம். அதன்கண் முன்னர்க் கண்டவன் எடுத்துக் கொள்வான். நியாயத்தினும் கால்விரைவே அங்கு வலியது. ஆதலின் நம் ஆராய்ச்சிக்கு அதனால் வரும் பயன் சிறிது.

மேற்கூறிய ஐவருள் துரூயிட் என்னும் வகுப்பினன் ஒருவன் வந்தானாகக் கொள்க. அவன் கரடியுருக் கொண்டு அடி தாங்குவான். பூனையுருக் கொண்டு தாக்குவான். தன்னுருவில் நின்று புண்ணாற்றவும் வல்லன். ஆயின் அவனுக்கு உடம்பு ஒன்றே. படகுடையவன்போல ஒரே பொழுதில் இரண்டைச் செலவிட்டான் அல்லன். ஆகவே, தாக்குவார்க்குரிய கவசத்துக்கும் புண்ணாற்றுவார்க்குரிய கோலுக்கும் முதல் வரிசையில் நின்று, ‘இரண்டும் எனக்குப் பயன்படும்’ என்று அவன் குலுக்குவானாயின் ஏனையோர் சினப்பது இயல்பே. செய்யக்கூடியதற்குப் பங்கு கேட்பது ஒன்று. செய்ததற்குப் பங்கு கேட்பது மற்றொன்று.

இம்மட்டோடு நிறுத்துவார் பலர். ஆயின் வழக்கின் மறுபக்கம் இதனினும் கடியது. அவ்விளையாட்டின் தொடக்க ஆண்டுகளில் நாற்பதின்மர் சேர்ந்து செல்லும் பெருவேட்டைகள் இருந்தன. அவற்றில் துரூயிட் முதலிய பலதொழில் வகுப்பினர், தாக்கவும் தாங்கவும் விரும்பினராயினும், புண்ணாற்றும் தொழிலிலேயே பெரும்பாலும் நிறுத்தப்பட்டனர். அத்தொழில் செய்வார் எப்பொழுதும் போதாதிருந்ததே காரணம். இவ்வாறு குழுவின் பொருட்டுத் தன் விருப்பத்தைத் துறந்தவன், பூனையுருவிற்கேற்ற கவசம் கிடைத்த நாளில், ‘நீ புண்ணாற்ற வந்தவன், பின்னே நில்’ என்னப்படுவான். மற்றொரு நாள் அவனே தாக்கச் சென்று, புண்ணாற்றுவார்க்குரிய கோல் கிடைத்தவிடத்து, ‘நீ இன்று தாக்க வந்தவன்’ என்னப்படுவான். அடுத்த கிழமை புண்ணாற்ற ஆளின்றேல் மீண்டும் அவனையே அழைப்பர். உழைக்குங்கால் இருவனாகவும் பெறுங்கால் ஒருவனாகவும் இவனை எண்ணுதலே யாம் கூறும் அநீதி. பலதொழில் அறிந்தவன் ஒரு தொழிலில் நின்றவனினும் சிறிது குறைவாகவே தாக்குதல் வேண்டும் என்று விளையாட்டை அமைத்தோரும் ஒரு காலத்துக் கருதினர்; ஆடுவோர் அதனைக் ‘கலப்பு வரி’ என்று ஏளனஞ் செய்தனர். வரியும் செலுத்திப் பங்கும் இழப்பதாயின் எவன் இரண்டாந் தொழிலைக் கற்பான்?

இத்தகைய வழக்கை நம் முன்னோர் அறியாதவரல்லர். பகைவர் ஆநிரையைக் கவரும் வெட்சித்திணையின் துறைகளுள் ‘பாதீடு’ என ஒன்றைத் தொல்காப்பியம் எண்ணுகின்றது. கவர்ந்த நிரையைப் பகுத்துக் கொடுத்தல் என்பது அதன் பொருள். ஐயனாரிதனார் இயற்றிய புறப்பொருள் வெண்பாமாலையில் அது மேலும் விளங்குகின்றது. அவரவர் செய்த வினையை அறிந்து கொடுத்தல் என்பதே அங்குள்ள இலக்கணம். வாளெடுத்துப் பொருதார்க்கும் பங்குண்டு. ஒற்றறிந்து உரைத்தார்க்கும் பங்குண்டு. புள்நிமித்தம் பார்த்துச் சொன்னார்க்கும் பங்குண்டு. களவிற் கொண்ட மாட்டைப் பகுப்பதில் நீதி பேசுவதோ என்று நகைப்பாரும் உளர். நகைக்கலாம், ஆயின் பங்கில் நீதியின்றேல் மறுமுறை வேட்டைக்கு ஆள் சேராது என்பதனை அம்மறவர் அறிந்திருந்தனர்.

அந்நூல் பாதீட்டோடு நிற்கவில்லை. ‘புலனறி சிறப்பு’ என வேறொரு துறையையும் கூறுகின்றது. பகைப்புலத்தின் நிலையை முன்சென்று அறிந்து வந்தவர்க்குத் தமக்குக் கொண்டதினும் மிகுதியாகச் சிறப்புச் செய்தல் அது. நிரை கைப்பட்ட பொழுதில் வாள் கண்ணுக்குப் புலனாகும்; முந்தைய இரவில் முட்புதரிற் கிடந்த ஒற்றனின் உழைப்புப் புலனாகாது. புலனாகாத உழைப்பைத் தேடிச் சென்று எண்ணுதற்கே தனித்துறை வகுத்தனர் போலும் என்பது எம் கருத்து. புண்ணாற்றுவோன் நிலையும் அத்தகையதே. யார் எவ்வளவு தாக்கினார் என்று காட்டும் பட்டியலைக் குழுவினர் வேட்டை முடிந்ததும் பெருமையோடு பார்ப்பர். அதில் அவன் பெயர் கடைசியில் நிற்கும்.

இவற்றை வைத்து நோக்கின், இருதொழிலாளனுக்கு உரியது யாதென ஒருவாறு துணியலாம். அவன் எத்தொழிற்கு வந்தானோ அத்தொழிற்குரிய பொருளில் ஏனையோரோடு முதல் வரிசையில் நிற்பான். இரண்டாந் தொழிற்குரியதில், அதனையே முதற்றொழிலாக உடையார் கொண்டபின் நிற்பான். இது அவன் தானே விரும்பி இரண்டைக் கற்றவிடத்து. குழுவே அவனை அழைத்து மற்றொரு தொழிலில் நிறுத்தியதாயின், அத்தொழிற்கு வேண்டிய கருவியைத் தேடிக் கொடுத்தல் குழுவின் கடன். அவன் விரும்பிய தொழிற்குரிய பொருளிலும் அன்று அவனைப் பின்னே தள்ளலாகாது. ஏனெனில் அங்கே அவன் செலவிட்டவை இரண்டு: உழைப்பு ஒன்று, விட்டுக் கொடுத்த விருப்பம் மற்றொன்று.

இவ்வழக்கைக் கணக்கினால் தீர்க்க முயன்றாரும் உளர். 1999-ல் வெளிவந்த எவர்குவெஸ்ட் என்னும் விளையாட்டின் குழுவினர், வேட்டைக்கு வந்தவர்க்கு வந்த முறைக்கேற்பப் புள்ளிகள் கொடுத்து, அப்புள்ளிகளை விலையாகத் தந்து பொருள் கொள்ளும் முறையை வகுத்தனர். டிராகன்களைக் கொன்று பெறுவதாகலின் டிராகன் கில் பாயிண்ட்ஸ் என்பது அதற்குப் பெயர். வருகைப் பதிவேட்டை நினைவூட்டும் இம்முறையிற் பொறாமை குறையும் என்பது மெய். ஆயின் இருதொழிலாளன் இருவகைக் கருவியும் வாங்க வேண்டியவன். அவனுக்கு வரும் புள்ளியோ ஒருவனுக்குரியதே. வார்கிராஃப்டை அமைத்தோர் 2018-ல் ஒவ்வொருவர்க்கும் உரியதை விளையாட்டே நேரே கொடுத்து விடும்படி செய்தனர். பூசல் ஓய்ந்தது. ஆனால் தனக்கு வேண்டாத பொருளும் தனக்கே வந்து கிடக்க, அருகிருந்த நண்பனுக்கு அதனைக் கொடுக்க மனமிருந்தும் பலவிடத்து விதி தடுத்தது. 2022-ல் பெருவேட்டைகளுக்குக் குலுக்கல் முறை திரும்ப வந்தது. பூசலும் உடன் வந்தது. எமக்கு அதில் வருத்தமில்லை. எவர்க்கு எது உரியதென்று பேசி முடிவு செய்யும் உரிமை மீண்டும் குழுவின் கைக்கு வந்ததன்றோ.

எஞ்சியது ஒன்று. புண்ணாற்றுவோன் வீட்டில் மின்சாரம் நின்று, அவன் இடைவழியில் மறைந்து விடுகின்றான். மழைக்காலத்து நம் மாவட்டத்தில் இது புதுமையன்று. தாக்க வந்த துரூயிட் அப்பொழுதே உருமாறி எஞ்சியவரைக் காத்து விலங்கையும் வீழ்த்துவிக்கின்றான். கிடைத்தது புண்ணாற்றுவார் கோல். மறைந்தவன் மறுநாள் வந்து அதனைக் கேட்டால் என் செய்வது? அவன் வந்த மட்டும் உழைத்த உழைப்புக்கு வேறொரு பொருளில் முன்னுரிமை கொடுக்கலாம். கோல் துரூயிடுக்கே உரியது. அவ்விலங்கு வீழ்ந்தபொழுது அத்தொழிலைச் செய்து நின்றவன் அவன்.